ஓட்டுநர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, சேலம்

தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஆயுத பூஜை வழக்கம்போல் நடந்தது. இவ்வாண்டு சங்கம் அதிகம் மெனக்கெட்டது ரயில்வே கேட் பயிற்சிக்குத்தான்.

சேலம்–விருத்தாசலம் பாதை மீட்டர்கேஜாக இருந்தபோது ரயில் மெதுவாக வரும், டீசல் சத்தம் முன்கூட்டியே காதில் விழும். அந்தக் காலத்துப் பழக்கம் நம்மில் பலரை இன்னும் விடவில்லை. இப்போது அகலப்பாதை, மேலே 25,000 வோல்ட் கம்பி. மின்சார இன்ஜின் கிட்டே வரும்வரை தெரியாது. பிரேக் பிடித்தாலும் நிற்கப் பல நூறு மீட்டர் ஆகும்.

ஆத்தூர்ப் பக்கமிருந்து வைக்கோல் ஏற்றி வரும் வண்டிகளே நம் பெரிய தலைவலி. கேட்டுக்கு முன் உள்ள உயரத் தடுப்பு 4.67 மீட்டர், அதாவது 15 அடி 4 அங்குலம். சட்டம் அனுமதிக்கும் உயரமே இதைவிடக் குறைவு என்பது வேறு விஷயம். ஏற்றும் இடத்திலேயே அளந்துவிட வேண்டும். தடுப்பில் உரசிய பிறகு கிளீனரை மேலே ஏற்றிக் கயிறு இறுக்கச் சொல்வது கொலைக்குச் சமம். கம்பியைத் தொட வேண்டியதில்லை, நெருங்கினாலே மின்சாரம் பாயும். 2 மீட்டர் விலகல் கட்டாயம். ஈரக் கயிறும் மின்சாரத்தைக் கடத்தும்.

அடுத்தது, தண்டவாளத்தில் வண்டி நின்றுபோவது. எதிர்ப்பக்கம் முழு வண்டிக்கும் இடம் இருக்கிறதா என்று பார்க்காமல் முன்வண்டியின் வாலைப் பிடித்துப் போவதால்தான் பெரும்பாலும் இது நேர்கிறது. முதலில் ஆட்களை இறக்குங்கள். உடனே கேட் கீப்பரிடம் ஓடுங்கள். ஸ்டேஷனுக்குப் பேச அவரிடம் போன் உண்டு. பழைய வண்டியானால் முதல் கியரில் போட்டு, கிளட்சை மிதிக்காமல் செல்ஃப் அடித்தால் சில அடி நகரும். மூடிய கேட்டை உடைத்தால் ரயில்வே சட்டம் 160-வது பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறை.

இரு சக்கர வண்டிக்காரர்கள் தண்டவாளத்தை நேர்குறுக்காகக் கடக்க வேண்டும். சாய்வாகப் போனால் இடுக்கில் சக்கரம் சிக்கும்.

துபாய்க்கு ஓட்டுநர் வேலைக்குப் போகும் நம்மவர்களுக்கு டிராம் பற்றியும் ஒரு வகுப்பு சேர்த்தோம். அங்கே 2014 நவம்பரில் டிராம் ஓடத் தொடங்கியது. வண்டிகள் சாலையின் வலப்புறம் ஓடும் ஊர் அது. தண்டவாளம் நடுவில் இருந்தால் இடப்புறம் திரும்பும்போதும் யூ-டர்ன் அடிக்கும்போதும் அதைக் கடந்தாக வேண்டும். பின்னாலிருந்து வரும் டிராம் கண்ணாடியில் படாமல் போகலாம். டிராமுக்கான சிக்னல் தனி. அதைப் பார்த்து நாம் கிளம்பக் கூடாது.

உயரம் அளக்கும் மூங்கில் உளுத்துவிட்டது. புதியது வாங்கப் பொதுக்குழுவின் ஒப்புதல் வேண்டும். அலுமினியக் குழாய் வாங்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. வேண்டாம், யாராவது அதைத் தூக்கிக்கொண்டு கேட்டடியில் போய் அளப்பார்.

செயலாளர்