மறுப்பின் காரணம் யார் கையில்? சமூகப் பாதுகாப்புத் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

சமூகப் பாதுகாப்புத் திட்டங்களை நடத்தும் அரசுத் துறைகளின் தலைமைப் பொறுப்பில் உள்ளோர்க்கும், அத்திட்டங்களின் மென்பொருளுக்குப் பணம் ஒதுக்கும் நிறுவனங்களுக்கும்,

வணக்கம்.

முதியோர் உதவித்தொகை, பேறுகால உதவி, மாற்றுத்திறனாளர் உதவி, வேலையிழந்தோர்க்கான படி என எந்தப் பெயரில் திட்டம் நடந்தாலும், இன்று ஒரு விண்ணப்பத்தின் தலைவிதியை முதலில் எழுதுவது ஒரு மென்பொருள்தான். விண்ணப்பம் மறுக்கப்பட்டதும், வரிசையில் நின்றவர் ஏன் என்று கேட்கிறார். எதிரே அமர்ந்திருக்கும் எழுத்தர் திரையைப் பார்த்து, "சிஸ்டம் எடுத்துக்கொள்ளவில்லை" என்கிறார். அவர் எதையும் மறைக்கவில்லை, அவருக்கும் தெரியாது. பெரும்பாலும் அவருடைய மேலதிகாரிக்கும் தெரியாது. தெரிந்தவர் ஒப்பந்த நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர். அவரும் இந்நேரம் வேறு வேலைக்குப் போயிருப்பார்.

பயனாளிகள் பதிவேடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு இணைக்கும் பணியில் பல ஆண்டுகள் இருந்த மென்பொருளாளர் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கணினி வேண்டாம், பழைய பேரேடே போதும் என்று சொல்ல வரவில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் கணக்குப்படி, ஏதேனும் ஒரு சமூகப் பாதுகாப்பு உதவியாவது பெறுவோர் உலக மக்கள்தொகையில் பாதியைத் தாண்டியதே அண்மையில்தான். 2023-இல் அந்த விகிதம் 52.4 விழுக்காடு. ஏறத்தாழ 380 கோடிப் பேருக்கு எந்தக் காப்பும் இல்லை. இத்தனை பேரைத் தேடிச் சேர்க்கும் வேலை கணினி இல்லாமல் நடக்காது. அந்தக் கணினிக்குள் ஓடும் விதிகளை யாரெல்லாம் பார்க்க முடிய வேண்டும் என்பதே என் கேள்வி.

அண்மைக் காலமாக உங்கள் அறிக்கைகளில் 'திறந்த' என்ற சொல் அதிகம் புழங்குகிறது. மகிழ்ச்சிதான். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு செயல்கள் கலந்து கிடக்கின்றன. மூல நிரலை, அதாவது மென்பொருளை இயக்கும் கட்டளைகளின் எழுத்து வடிவை, எவரும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்று உரிமம் தருவது ஒன்று (இதைத் 'திறமூலம்' என்பார்கள்). ஒரு துறையின் பதிவேடு இன்னொரு துறையின் பதிவேட்டோடு தகவல் பரிமாறிக்கொள்ளும் வடிவத்தை, எந்த நிறுவனமும் பின்பற்றும்படி பொதுவில் வைப்பது இன்னொன்று. யார் தகுதியுடையவர், யார் இல்லை என்று முடிவு செய்யும் விதியை, அது கணினியில் எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ அப்படியே வெளியிடுவது மூன்றாவது. முதல் இரண்டைப் பற்றி நிறையப் பேசுகிறீர்கள். மூன்றாவதைப் பற்றிய பேச்சு குறைவு. விண்ணப்பித்தவருக்கு நேராகப் பயன்படுவதோ அதுதான். (பயனாளிகளின் சொந்தத் தரவைத் திறந்து வைப்பது இந்த மூன்றிலும் அடங்காது. அதைப் பின்னால் சொல்கிறேன்.)

விதி என்றதும் வயது வரம்பும் வருமான வரம்பும் நினைவுக்கு வரும். அவை அரசாணையிலேயே இருக்கின்றன, எவரும் படிக்கலாம். நான் சொல்வது, எந்த அரசாணையிலும் இல்லாமல் நிரலில் மட்டும் வாழும் விதிகளை. பெயர் ஒப்பீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மனிதரின் பெயர் ஒரு பதிவேட்டில் ஒருவிதமாகவும் மற்றொன்றில் வேறுவிதமாகவும் இருப்பது, ஒரு மொழியின் பெயரை இன்னொரு மொழியின் எழுத்தில் எழுதும் நாடுகளில் அன்றாட நிகழ்வு. குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாமல், தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொள்ளும் சமூகங்களில், 'முதற்பெயர்', 'கடைசிப்பெயர்' என்று இரண்டு கட்டங்கள் போட்ட படிவம் முதல் நாளே தடுமாறும். ஆகவே நிரலாளர் ஓர் ஒற்றுமை மதிப்பெண்ணை வைக்கிறார்: இரண்டு பெயர்களும் நூற்றுக்கு இத்தனை ஒத்திருந்தால் ஒரே ஆள், குறைந்தால் வேறு ஆள். அந்த எல்லையை 80 என்று வைப்பதா 90 என்று வைப்பதா என்பது பெரும்பாலும் ஒரு பிற்பகலில், ஒரு பொறியாளரின் மேசையில் முடிவாகிவிடும். எல்லையைக் கூட்டினால், தன் பெயரே தன்னோடு பொருந்தாமல் ஒருவர் வெளியே நிற்பார். குறைத்தால், பெயர் ஒத்த இரண்டு முதியவர்களில் ஒருவர் 'இரட்டைப் பதிவு' என்று நீக்கப்படுவார். யாருக்கு உதவி கிடைக்கும் என்பதை வருமான வரம்புக்குச் சற்றும் குறையாமல் தீர்மானிக்கும் இந்த எண், எந்தச் சட்டமன்றத்தின் பார்வைக்கும் வந்ததில்லை.

பிறந்த நாள் தெரியாத முதியோர்க்கு ஜனவரி 1 என்று எழுதி வைப்பதும் பல இடங்களில் பதிவு எழுத்தர்களின் வழக்கம். அதனால் ஒரே ஊரில், ஒரே பெயரோடும் ஒரே பிறந்த நாளோடும் பலர் இருப்பார்கள். இந்த வழக்கம் தெரியாத நிரல் அவர்களைச் சந்தேகப் பட்டியலில் சேர்த்துவிடும். நானே ஒருமுறை அப்படியொரு நிரலை எழுதினேன். சோதனைத் தரவில் அது குறையின்றி ஓடியது. களப்பணியாளர் ஒருவர் பட்டியலை எட்டிப் பார்த்து, "இவர்கள் எல்லோரையும் எனக்குத் தெரியும், தனித்தனி ஆட்கள்" என்று சொன்ன பிறகுதான் தவறு புலப்பட்டது. அவர் அன்று அந்த அறைக்கு வந்தது தற்செயல். நிரல் எந்தக் காரணத்தால் ஒருவரை நீக்குகிறது என்பது வெளியே தெரிந்திருந்தால், தற்செயலை நம்பியிருக்க வேண்டியதில்லை.

இந்த வகைப் பிழை நாட்டளவில் நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் 'ரோபோடெட்' சான்று. அரசின் உதவியைக் கூடுதலாகப் பெற்றுவிட்டதாகச் சொல்லி, பயனாளிகளிடமிருந்தே பணத்தைத் திருப்பிக் கேட்ட ஏற்பாடு அது. அதன் அடிப்படைக் கணக்கு மிக எளியது: வரித்துறையிடம் உள்ள ஆண்டு வருமானத்தை 26-ஆல் வகுத்து, ஒவ்வோர் இரு வாரத்திலும் அவ்வளவு வருமானம் வந்ததாக வைத்துக்கொள்வது. ஆறு மாதம் வேலை பார்த்து, மீதி ஆறு மாதம் வேலையின்றி உதவி பெற்ற ஒருவருக்கு, வேலையற்ற மாதங்களிலும் பாதிச் சம்பளம் வந்ததாக இந்தக் கணக்கு காட்டும், அவர் கடனாளியாகிவிடுவார். இப்படி நான்கு வரியில் எழுதினால் பள்ளி மாணவருக்கும் ஓட்டை தெரியும். இம்முறை சட்டத்தோடு பொருந்தாது என்ற சட்ட ஆலோசனை 2014-லேயே அரசுக்குள் இருந்தது, உள்ளேயே தங்கிவிட்டது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு, பணத்தைத் திருப்பித் தருவதாக 2020-இல் அரசு அறிவித்து, 2023-இல் இதை விசாரித்த அரச ஆணையம் தன் அறிக்கையை வெளியிட்ட பிறகே முழு விவரமும் மக்களுக்குத் தெரிந்தது.

நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவி பெற்ற பல்லாயிரம் பெற்றோர் மோசடிக்காரர்கள் என்று தவறாக முத்திரை குத்தப்பட்டார்கள். அங்கே பயன்பட்ட ஆபத்து மதிப்பீட்டு நிரலில், அந்நாட்டுக் குடியுரிமை உண்டா இல்லையா என்பதும் ஓர் அளவுகோலாக இருந்தது. 2021 ஜனவரியில் அமைச்சரவையே பதவி விலக நேர்ந்தது. அதற்கு ஓராண்டு முன்னர், 2020 பிப்ரவரியில், நலத்திட்ட முறைகேடுகளைக் கணிக்க அதே நாடு வைத்திருந்த 'சிரி' என்ற ஏற்பாட்டை ஹேக் மாவட்ட நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது. கணிக்கும் முறையை வெளியிட்டால் மக்கள் அதற்கேற்ப நடந்துகொள்வார்கள் என்பது அரசின் வாதம். சரிபார்க்கவே முடியாத ஏற்பாடு தனிவாழ்வுரிமையோடு ஒத்துப்போகாது என்பது நீதிமன்றத்தின் முடிவு.

அரசின் அந்த வாதத்தை நீங்களும் முன்வைப்பீர்கள் என்பதை அறிவேன், பாதி ஏற்கிறேன். யாருடைய கோப்பை மறுஆய்வுக்கு எடுப்பது என்பதன் சில நுணுக்கங்களை, சார்பற்ற தணிக்கையாளருக்கு மட்டும் காட்டினால் போதும் என்று சொல்ல இடமுண்டு. தகுதியை முடிவு செய்யும் விதியில் அப்படி மறைக்க ஒன்றுமில்லை. வரம்பைத் தெரிந்துகொண்டு ஒருவர் விண்ணப்பிப்பது மோசடி அன்று. விண்ணப்பம் என்பதே அதுதான்.

வேறு வழி இருக்கிறது, நடைமுறையிலும் இருக்கிறது. 2011-இல் பிரான்சில் தொடங்கிய ஓப்பன்ஃபிஸ்கா என்னும் திறமூல மென்பொருள், வரிச் சட்டங்களிலும் நலத்திட்டச் சட்டங்களிலும் உள்ள கணக்கை எவரும் படிக்கக்கூடிய நிரலாக எழுதி வைக்கிறது. ஒவ்வொரு விதியும் எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை செல்லும் என்பதும் நிரலிலேயே இருப்பதால், மூன்றாண்டுக்கு முந்தைய விண்ணப்பத்தை அன்றைய விதிப்படியே மீண்டும் கணக்கிட்டுப் பார்க்கலாம். வரம்பை மாற்றுவதற்கு முன்பே, மாற்றினால் யார் உள்ளே வருவார்கள், யார் வெளியே போவார்கள் என்றும் ஓட்டிப் பார்க்கலாம். மேல்முறையீட்டை விசாரிக்கும் அலுவலருக்கு இதைவிடப் பெரிய உதவி எனக்குத் தோன்றவில்லை. விந்தை என்னவென்றால், அதே பிரான்சில் குடும்ப உதவி நிதியம் கோப்புகளைச் சோதிக்கப் பயன்படுத்திய மதிப்பெண் நிரல் மூடியே இருந்தது. அதன் பழைய வடிவங்களை ஒரு குடிமக்கள் அமைப்பு பெற்று 2023-இல் வெளியிட்டபோதுதான், குறைந்த வருமானமும் வேலையின்மையும் சந்தேகத்தைக் கூட்டும் காரணிகளாக எழுதப்பட்டிருந்தது பலருக்கும் தெரிந்தது. உதவி தேவைப்படும் நிலையே சந்தேகத்துக்குக் காரணமாகியிருந்தது.

மூல நிரலைப் பொறுத்தவரை, நல்ல கருவிகள் இல்லை என்று இனி எவரும் சொல்ல முடியாது. தான்சானியாவின் சமுதாய மருத்துவ நிதிக்காக 2012-இல் பயன்பாட்டுக்கு வந்த மென்பொருள், பின்னர் நேபாளத்தின் நலக் காப்பீட்டுத் திட்டத்தை நடத்தவும் உதவி, இன்று ஓப்பன்ஐமிஸ் என்ற பொதுச் சொத்தாக வளர்ந்திருக்கிறது. அரசுப் பதிவேடுகளை இணைக்க எஸ்தோனியா 2001-இல் அமைத்த எக்ஸ்-ரோடு 2016 முதல் திறமூலம். பின்லாந்தும் அதையே பயன்படுத்துகிறது. பெங்களூருவில் 2018-இல் தொடங்கிய மோசிப் என்னும் திறமூல மென்பொருள், பிலிப்பைன்சிலும் மொராக்கோவிலும் அடையாளப் பதிவுக்கு அடித்தளமாக இருக்கிறது.

இவை செலவில்லாமல் கிடைக்கும் என்று எண்ணி எடுப்பவர் ஏமாறுவார். உரிமக் கட்டணம் இல்லையே தவிர, சர்வர், பாதுகாப்புத் திருத்தங்கள், மொழியாக்கம், பணியாளர் பயிற்சி எல்லாவற்றுக்கும் ஆண்டுதோறும் பணம் வேண்டும். மிச்சமாகும் தொகையைக் கொண்டு, துறைக்குள்ளேயே நிலையான பணியில் சில பொறியாளர்களை வைத்துக்கொள்ளாவிட்டால், திறந்த நிரலை வைத்துக்கொண்டே ஒரே ஒப்பந்ததாரரிடம் சிக்கிக்கொள்வீர்கள். அப்படிச் சிக்கிய ஒரு துறையை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அடிப்படை நிரல் பொதுவில் இருந்தது. அத்துறைக்கென்று செய்த மாற்றங்கள் ஒப்பந்ததாரரின் கணினியில் மட்டும் இருந்தன. ஒப்பந்தம் முடியும் நாளில் தரவை எந்த வடிவத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை. நிதி தரும் நிறுவனங்களுக்கும் இதில் பங்குண்டு. முன்னோடித் திட்டத்துக்கு மூன்றாண்டுப் பணம் தருகிறீர்கள். பராமரிப்பு தொடங்குவது நான்காம் ஆண்டில்.

பின்னால் சொல்வதாகக் குறிப்பிட்ட தரவைப் பற்றி: விதி திறந்திருக்க வேண்டும் என்பதற்காக மனிதர்கள் திறந்து வைக்கப்படக் கூடாது. ஒருவரின் நோயும் வறுமையும் பொதுத் தரவு அல்ல. ஒருவருக்கு 60 வயது நிரம்பியதா என்று தெரிய வேண்டிய துறைக்கு 'ஆம்', 'இல்லை' என்ற விடை போதும். முழுப் பதிவையும் அள்ளித் தர வேண்டியதில்லை. தன் பதிவை எந்த அலுவலகம் எப்போது பார்த்தது என்று பயனாளியே பார்க்கும் வசதி எஸ்தோனியாவில் இருக்கிறது; இணைப்பு வேண்டும் என்று கேட்கும் ஒவ்வொரு துறையும் அதையும் சேர்த்தே கேட்க வேண்டும். கைரேகை தேய்ந்தோர், கைப்பேசி இல்லாதோர், வலையமைப்பு எட்டாத இடத்தில் வாழ்வோர் ஆகியோருக்குத் தாளில் விண்ணப்பிக்கும் வழி தொடர்ந்து இருக்க வேண்டும் என்பதை விளக்கத் தேவையில்லை என்று நம்புகிறேன்.

சமூகப் பாதுகாப்புத் தளங்கள், அதாவது எல்லோருக்கும் உறுதியாக வேண்டிய அடிப்படைப் பாதுகாப்பு, பற்றிப் பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு 2012-இல் ஏற்ற 202-ஆம் பரிந்துரை, முறையீட்டுக்கும் மேல்முறையீட்டுக்குமான வழிகள் நடுநிலையானவையாகவும் வெளிப்படையானவையாகவும் எளியவையாகவும் விரைவானவையாகவும் செலவு குறைந்தவையாகவும் இருக்க வேண்டும் என்கிறது. காரணம் தெரியாத மறுப்பை எதிர்த்து எவரும் முறையிட முடியாது. ஆகவே உங்களிடம் கேட்பது இவ்வளவே. அடுத்த ஒப்பந்தப்புள்ளியைக் கோரும்போது, துறைக்காகச் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றமும் துறையின் சொத்து என்றும், தகுதி விதிகளும் ஒப்பீட்டு எல்லைகளும் நிரல் வடிவிலும் எளிய மொழியிலும் வெளியிடப்படும் என்றும், எல்லையை மாற்றும் அதிகாரம் பெயர் குறிப்பிட்ட ஓர் அலுவலரிடம் இருக்கும் என்றும் எழுதுங்கள். மறுப்புக் கடிதத்தில் 'தகுதியில்லை' என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பதிலாக, எந்த விதி, அதன் எந்தத் தேதியிட்ட வடிவம், எந்தப் பதிவேட்டிலிருந்து எடுத்த எந்த விவரம் காரணம் என்பதையும், அந்த விவரம் தவறென்றால் எந்த அலுவலகத்தில், எத்தனை நாளுக்குள் திருத்தலாம் என்பதையும் அச்சிடச் செய்யுங்கள். இதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் வேண்டாம். நிரல் ஒருவரை மறுக்கும்போதே இவற்றைத் தனக்குள் குறித்து வைக்கும்படி எழுதினால் போதும். அத்தகைய கடிதத்தின் மாதிரியும், அதை உருவாக்கும் நிரலின் வரைவும் தேவைப்படும் எந்தத் துறைக்கும் எழுதித் தர ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
பயனாளிகள் பதிவேடுகளோடு பணியாற்றிய ஒரு மென்பொருளாளர்