மனுவல் காருக்கு நீங்கள் பூட்டித் தந்த ரிமோட் ஸ்டார்ட்டர் பற்றிய புகார்

முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 நவம்பரில் ஸ்காபரோவிலுள்ள உங்கள் கடையில் என் காருக்கு ரிமோட் ஸ்டார்ட்டர், அதாவது தூரத்தில் நின்றே என்ஜினை ஸ்டார்ட் பண்ணும் கருவி, பூட்டினேன். விலை 389 டொலர், 13 வீத வரியோடு 439.57. பற்றுச்சீட்டின் பிரதியை இத்தோடு வைத்திருக்கிறேன். கார் 2012 மாடல், ஐந்து கியர் மனுவல். வாங்க வந்த அன்று அது மனுவலா ஓட்டோமெற்றிக்கா என்று உங்கள் கடையில் யாருமே கேட்கவில்லை.

கவுண்டரில் நின்ற தம்பி அன்பாகத்தான் கதைத்தார். எவ்வளவு தூரத்திலிருந்து வேலை செய்யும் என்பதைப் பற்றியே நிறையச் சொன்னார். ஒருவழி ரிமோட்டை விட இருவழி ரிமோட் நல்லது, கார் ஸ்டார்ட் ஆனதும் கையிலேயே காட்டும் என்றார். சரி, குளிரில் வெளியே போய்ப் பார்க்கத் தேவையில்லைதானே என்று கூடுதல் காசு கொடுத்து அதையே எடுத்தேன். சாவியில் சிப் இருக்கிறதா என்றும் கேட்டார். 2007 செப்டம்பருக்குப் பிறகு கனடாவில் விற்கும் புதிய கார்களுக்கெல்லாம் இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் என்ஜின் ஸ்டார்ட் ஆகாதபடி தடுக்கும் பூட்டு) கட்டாயம், அதைத் தாண்ட பைபாஸ் மொடியூல் வேண்டும் என்று விளங்கப்படுத்தினார். இவ்வளவு தெரிந்தவருக்குக் கியரைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை. காரை உள்ளே ஓட்டிக்கொண்டு போன உங்கள் ஆள் கிளச்சை மிதித்துத்தானே ஓட்டியிருப்பார்? அவரும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று மணி நேரத்தில் காரும் ரிமோட்டும் கைக்கு வந்தன. பெட்டியோ கையேடோ தரவில்லை.

எங்கள் வீட்டு டிரைவ்வே சரிவானது. குளிர்காலத்தில் ஹான்ட் பிரேக் கேபிள் உறைந்து இறுகிவிடும் என்று அதை இழுக்காமல், முதல் கியரில் விட்டு நிறுத்துவது என் பல வருடப் பழக்கம். இங்கே மனுவல் கார் ஓட்டுகிற பலர் அப்படித்தான் செய்வார்கள். வாங்கிய பிறகு கார் வேலைத்தளத்துக் கராஜில் சமதரையில் நியூட்ரலில் நின்றதால், அங்கே ரிமோட்டை அழுத்தியபோதெல்லாம் ஒரு பிரச்சினையும் வரவில்லை.

2025 ஜனவரி 14, செவ்வாய்க்கிழமை காலை. முதல் நாள் இரவு காரை வீட்டில், கராஜ் கதவைப் பார்த்தபடி, வழக்கம்போல முதல் கியரில் விட்டு நிறுத்தியிருந்தேன். மகள் காருக்கும் கதவுக்கும் இடையில் கிடந்த பனியைச் சவளால் அள்ளிவிட்டுப் பக்கத்துக்கு வந்தாள். நான் வாசலில் நின்று ரிமோட்டை அழுத்தினேன். கார் அப்படியே முன்னால் பாய்ந்து கராஜ் கதவில் இடித்து நின்றது. சில செக்கன்களில் தானாகவே மறுபடியும் பாய்ந்தது. என்ஜின் பிடிக்காவிட்டால் அந்தக் கருவி திரும்பத் திரும்ப முயலும் என்று எனக்கு அப்போது தெரியாது. ஓடிப்போய்க் கதவைத் திறந்து பிரேக்கை மிதித்த பிறகுதான் அடங்கியது. என் மகள் இரண்டடி தள்ளி நின்றாள். அவள் இன்னும் ஒரு சவள் பனி அள்ள நினைத்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினேன். கியரில் நிற்கும் கார் பாயாமலிருக்க, கிளச்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும்படி கார் தயாரித்தவர்கள் வைத்த சுவிச்சை உங்கள் ஆள் வயர் கொடுத்துத் தாண்டிவிட்டிருக்கிறார். மனுவல் காரில் அதைச் செய்யாமல் ரிமோட்டால் ஸ்டார்ட் பண்ண முடியாது, அது எனக்கு விளங்குகிறது. ஆனால் அதைத் தாண்டுகிறவர்கள் அதற்குப் பதிலாக வேறொரு காவலை வைக்க வேண்டும். அந்தக் காவல் இருந்தால், காரை நியூட்ரலில் விட்டு, ஹான்ட் பிரேக்கை இழுத்து, என்ஜின் ஓட ஓடச் சாவியை எடுத்து இறங்கிக் கதவைப் பூட்டிய பிறகே என்ஜின் நிற்கும். இப்படி நிறுத்திய கார் மட்டுமே ரிமோட்டுக்குக் கட்டுப்படும். இடையில் யாராவது ஒரு கதவைத் திறந்தாலும் அந்த அனுமதி ரத்தாகிவிடும். இதற்குக் கதவுகளிலிருந்தும் ஹான்ட் பிரேக்கிலிருந்தும் வயர் வர வேண்டும். என் காரில் இரண்டும் இணைக்கப்படவில்லை. கருவியையே ஓட்டோமெற்றிக் என்று செட் பண்ணியிருக்கிறார்கள். பொனெட் திறந்திருக்கும்போது ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் சுவிச்சும் இல்லை.

மறுநாள் உங்கள் கடைக்கு வந்தபோது, "நீங்கள்தான் நியூட்ரலில் விடவில்லை" என்றார்கள். எனக்கு அதிகம் வலித்தது அந்தப் பேச்சுத்தான். நியூட்ரலில் விடு என்று யார் எனக்குச் சொன்னது? ஒவ்வொரு இரவும் ஹான்ட் பிரேக்கை இழுத்தாக வேண்டும் என்று அன்றே சொல்லியிருந்தால், இது என் டிரைவ்வேக்குச் சரிவராது என்று நானே விட்டிருப்பேன். குளிரில் என்ஜினைச் சூடாக வைத்திருக்க இரவில் பிளக்கில் போடுகிற புளொக் ஹீட்டரே எனக்குப் போதும்.

நான் கேட்பவை இவை. அந்தக் கருவியைக் கழற்றி, கிளச் சுவிச்சின் வயரைப் பழையபடி இணைத்து, நான் கட்டிய 439.57 டொலரைத் திருப்பித் தாருங்கள். கராஜ் கதவுக்கும் முன் பம்பருக்குமான பில்களையும் வைத்திருக்கிறேன், அதையும் கட்டுங்கள். ஒரு சேவை நியாயமான தரத்தில் இருக்க வேண்டும் என்று ஒன்ராறியோவின் 2002 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது.

அப்புறம், காசை விட முக்கியமான ஒன்று. நீங்கள் இதுவரை மனுவல் கார்களுக்கு இதைப் பூட்டியிருந்தால், அந்த ஆட்களை இந்த வாரமே அழைத்துச் சோதித்துக் கொடுங்கள். அவர்களுடைய டிரைவ்வேயிலும் பிள்ளைகள் பனி அள்ளுவார்கள்.

14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
ஸ்காபரோ