அம்மாவுக்கு, மாட்டுங்காவிலிருந்து

மாட்டுங்கா, மும்பை
ஆடி மாதம்

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

நான் நலம். உங்கள் எல்லோருடைய நலமும் அறிய ஆவல்.

அம்மாவின் கடிதம் கிடைத்தது. உறை நனைந்து மை ஊறியிருந்தாலும் உள்ளே ஓர் எழுத்தும் அழியவில்லை. கோயில், கிணற்று மோட்டர், பெரியம்மாவின் முழங்கால் எல்லாம் முடிந்து கடைசி அரைப் பக்கத்தில்தான் விஷயத்துக்கு வந்திருக்கிறீர்கள். நான் இரவு இரண்டு மணிக்கும் பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பதாகத் தங்கச்சி சொன்னாளாம். நித்திரை கொள்வதில்லையா, அங்கே என்ன பிரச்சினை என்று கேட்டிருக்கிறீர்கள். இதைத் தொலைபேசியில் கேட்காமல் எழுதிக் கேட்டது நல்லது. நம் வீட்டில் ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டுத்தான் கதைப்போம். எனக்கு முன்னால் பெரியம்மா பதில் சொல்லியிருப்பார்.

தங்கச்சிக்கு எப்படித் தெரிந்தது என்று அப்பா யோசித்திருப்பார். பாட்டுச் செயலிக்கு எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே கணக்குத்தான். ஒரு சந்தாக் காசில் இரண்டு கைத்தொலைபேசி ஓடுகிறது. நான் இங்கே ஒன்றைப் போட்டால் அவள் அங்கே கேட்பது நின்றுவிடும். யார் எதைக் கேட்கிறோம் என்பதும் மற்றவர் திரையில் தெரியும். ஆனால் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் நேரம் ஒன்றுதான் அம்மா. எனக்கு இரவு இரண்டு மணி என்றால் அவளுக்கும் இரண்டு மணி. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை அந்த நேரத்தில் பாட்டுச் செயலிக்குள் என்ன செய்தாள் என்று ஒருமுறை கேளுங்கள்.

பயப்பட ஒன்றுமில்லை. இங்கே மழை. தகரக் கூரையில் விழுகிற சத்தத்தில் யாருக்கும் நித்திரை வராது. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் தண்ணீர் ஏறினால் பஸ் வராது, ரயிலும் நின்று நின்றுதான் போகும். நான் இப்போது பெரும்பாலும் நடந்தே போய் வருகிறேன், உடம்புக்கும் நல்லது. உதவித்தொகை கொஞ்சம் பிந்தினாலும் வந்துவிடும், காசு அனுப்ப வேண்டாம். அந்த நல்ல ஹெட்போனை வகுப்புத் தோழன் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டேன். என்னைவிட அவனுக்குத்தான் தேவை அதிகம். இங்கே காலணிக் கடையில் பில் போடும்போதுகூடத் தொலைபேசி எண் கேட்பார்கள். நானும் கொடுத்தேன். அன்றிலிருந்து கடன் வேண்டுமா என்று நாள்தோறும் யாராவது அழைக்கிறார்கள். எனக்கு எதற்குக் கடன்?

சாப்பாடு பரவாயில்லை. சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள் என்று முன்பே எழுதியிருந்தேன். இப்போது பழகிவிட்டது. இரவில் வடாபாவ் சாப்பிடுகிறேன், பாணுக்குள் உருளைக்கிழங்கு வடையும் உள்ளிச் சம்பலும் வைத்துத் தருவார்கள், வயிறு நிறையும். இந்தக் கட்டடத்தில் மீன் சமைக்கக் கூடாது. நீங்கள் வறுத்து இடித்துத் தந்த மிளகாய்த்தூள் போத்தலின் அடிக்கு வந்துவிட்டது. கத்தரிக்காய்க்கு மட்டும் ஒரு கரண்டி போடுகிறேன்.

கதவுக்கு மூன்று பூட்டுப் போடுகிற பக்கத்து வீட்டு மாமாவைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அவரால்தான் இரவில் எனக்குப் பாட்டுப் பித்து ஏறியது என்று வைத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் படித்துவிட்டு 1960களில் வேலை தேடி இங்கே வந்தவர். வீட்டில் சாமி அறையைவிட இசைத்தட்டு அறை பெரிது, அவ்வளவும் ஜாஸ். மாமிக்கு எம். எஸ். மட்டும் போதும். இருவரும் முறை வைத்துக் கேட்கிறார்கள்.

மாமாவிடம் பொத்தான் தொலைபேசிதான் இருக்கிறது. மருந்துக் கடையில் எண் கேட்டால், "மாத்திரை சாப்பிடப் போவது நானா, என் நம்பரா?" என்பார். அமெரிக்காவிலிருக்கும் மகன், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பாட்டுப் போடுகிற ஒலிபெருக்கி ஒன்றை அனுப்பியிருந்தான். மாமா அதை அரிசி டின்னுக்குள் போட்டு மூடி வைத்திருக்கிறார். மின்சாரமே இல்லாத பெட்டி எதையும் கேட்காது என்று நான் சொல்லிப் பார்த்தேன். "மின்சாரம் இருந்தால் கேட்கும் என்று நீயே ஒப்புக்கொள்கிறாயே" என்றார். அதுவும் உண்மைதான். பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்களா என்று பார்க்க அதன் மைக் எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். கூப்பிட்டதாக அது நினைத்துவிட்டால், அதற்குப் பிறகு பேசுவது நிறுவனத்தின் கணினிக்குப் போகும். நான் கணினி படிப்பவன் என்பதால் என்னோடு இதைப் பற்றி வாதாடுவதில் அவருக்குத் தனிச் சந்தோஷம்.

மழைக்காலத்தில் இசைத்தட்டுகளில் பூஞ்சணம் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றைக் கழுவ நான் போவேன். காய்ச்சி வடித்த நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரே ஒரு துளி. மெல்லிய துணியை நனைத்து, கோடு ஓடும் போக்கிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும், குறுக்கே இழுக்கக் கூடாது. நடுவிலுள்ள காகித வட்டம் நனைந்தால் மாமா அன்று தேநீர் தரமாட்டார். கழுவியதை மாமியின் தட்டுத் தாங்கியில் நிறுத்தி வைப்போம். மாமி முணுமுணுத்துக்கொண்டே இடம் ஒதுக்குவார். காய்ந்ததும் ஊசியை வைத்தால், முதலில் சின்னச் சின்ன வெடிப்புச் சத்தம், பிறகு சாக்ஸபோன். நிமிடத்துக்கு 78 தரம் சுற்றும் பழைய தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தானாம். 1948இல் 33⅓ சுற்றுத் தட்டு வந்த பிறகுதான் ஒரு பக்கம் இருபது நிமிடத்துக்கு மேல் ஓடியது, வாசிப்பவர்கள் கற்பனையை நீட்டவும் முடிந்தது. நம் கோயிலில் ஆலாபனையைப் பாதியில் நிறுத்தச் சொன்னால் நாகஸ்வரக்காரர் என்ன செய்வார் என்று எண்ணிக்கொண்டேன்.

ஒரு நாள் அவர் போட்ட தட்டில் முதலில் தம்புரா கேட்டது. பிறகு பெரிய ஹார்ப், அதன் மேல் சாக்ஸபோன். அட்டையை வாங்கிப் பார்த்தேன். ஆலிஸ் கோல்ட்ரேன் என்ற அமெரிக்கப் பெண்மணியின் தட்டு, 1971இல் வந்தது, பெயர் ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’. எந்தச் சச்சிதானந்தா தெரியுமா? கண்டியில் தபோவனம் வைத்திருந்தாரே, அதே சுவாமிதான்! 1966இல் அமெரிக்கா போனவர், 1969இல் வுட்ஸ்டாக் இசை விழாவைத் தொடக்கிவைத்துப் பேசியிருக்கிறார். அப்பம்மா அந்தச் சுவாமியைப் பார்த்ததாகச் சொல்வாரே, கண்டியிலா திருகோணமலையிலா என்று கேட்டு எழுதுங்கள். மாமா ஆவலோடு காத்திருக்கிறார். போட்டிக்கு அவரும் ஒன்று வைத்திருக்கிறார்: சாக்ஸபோன் மேதை சோனி ரோலின்ஸ் 1960களின் கடைசியில் இந்த மும்பையில், போவாய் ஆசிரமத்தில் வந்து தங்கியிருந்தாராம். இன்று அந்தப் பக்கம் முழுக்கக் கண்ணாடிக் கட்டடங்கள். 1978இல் முதல் ஜாஸ் யாத்ரா விழாவுக்கு அவர் வந்தபோது மாமா அலுவலகத்துக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டுப் போனாராம். மாமிக்கு அது இன்னும் பிடிக்கவில்லை.

பதிலுக்கு நான் தெட்சணாமூர்த்தியின் தவில் தனியைக் கைத்தொலைபேசியில் போட்டேன். நம் இணுவில் மண்ணில் பிறந்தவர் என்றேன். எல்வின் ஜோன்ஸின் டிரம்ஸ் ஓடிக்கொண்டிருந்த தட்டிலிருந்து மாமா ஊசியை எடுத்துவிட்டார். கையிலிருந்த துணி அப்படியே இருக்க, கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும், "இன்னொரு தடவை" என்றார். பிறகு உடனே, "இதைக் கேட்டது நான் என்று அதற்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது, என் கணக்கில்தான் ஏறும் என்றேன். அதன் பிறகே நிம்மதியாகக் கேட்டார்.

செயலி எதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறது என்று அவருக்குக் காட்டுவதற்காக, என் கோப்பை அனுப்பும்படி நிறுவனத்துக்கு எழுதினேன். கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள். கேட்பவர்களுக்கு அவர்களுடைய தகவலை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று சரியாக விளக்கவில்லை என்று 2023இல் சுவீடனில் ஸ்பாட்டிஃபை என்ற பாட்டுச் செயலி நிறுவனத்துக்கு 5.8 கோடி குரோனர் அபராதம் போட்டார்கள் என்று வகுப்பில் சொன்னார்கள். கோப்பு வந்தது. எந்தப் பாட்டு, எந்த மணி, எந்தத் தொலைபேசி, எந்த இடத்தில் நிறுத்தினேன், எல்லாம் வரி வரியாக. இரவு 2.10, தவில், கடைசிவரை. 2.40, அதே தவில், கடைசிவரை. மறுநாளும் அப்படியே. மாமா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கண்காணிப்பைப் பற்றி ஏதாவது பெரிய பேச்சுப் பேசுவார் என்று இருந்தேன். "ஊருக்கு எப்போது போகிறாய்?" என்று மட்டும் கேட்டார்.

நான் மழையைப் பற்றி ஏதோ சொன்னேன்.

ஆடிப்பிறப்பு அன்று இங்கே எல்லோருக்கும் வேலை நாள். பருப்பு வறுக்கிற மணம் எங்கிருந்தோ வந்தது, யார் வீட்டில் என்று தெரியவில்லை. மாட்டுங்காச் சந்தையில் கருப்பட்டி கிடைக்கும், தேங்காயும் கிடைக்கும். வாங்கி வந்து கூழ் காய்ச்சிப் பார்க்கலாம் என்றுதான் போனேன். பிலாவிலை கிடைக்கவில்லை. கரண்டியால் குடிக்கிற ஆடிக்கூழ் எனக்கு வேண்டாம் அம்மா. பின்வளவுப் பிலாவில் இலை பறித்து, ஈர்க்குக் குத்திக் கோலி, அடுப்படியில் உங்கள் பக்கத்தில் குந்தியிருந்து, வாய் சுடச் சுடக் குடிக்க வேண்டும். அப்பா தேங்காய்ச் சொட்டை மட்டும் பொறுக்கித் தின்பார், நீங்கள் பேசுவீர்கள். வெறுங்கையோடு திரும்பி வந்தேன். அன்றும் தவில்தான் கேட்டேன், தங்கச்சி பார்த்திருப்பாள்.

சரி, அதை விடுவோம். முக்கியமான விஷயம் வேறு.

அக்காவின் குறிப்பைப் பெரியப்பா வாட்ஸ்அப் குழுக்களில் போட்டிருக்கிறார் என்று அம்மா சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது சாதாரணமாகத் தெரியவில்லை. நட்சத்திரமும் கிரகநிலையும் போதாதென்று பிறந்த நேரம், பிறந்த இடம், முழுப் பெயர், வேலை செய்யும் இடம், வீட்டு முகவரி, படம், தொலைபேசி எண். கனடா மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள் என்று கடவுச்சீட்டின் படமும் போயிருக்கிறதாம். அதை எத்தனை பேர் எங்கே அனுப்பினார்கள் என்று இனி யாருக்குத் தெரியும்?

பட்டியல் என்றால் என்ன என்று அப்பாவுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 1983 ஆடியில் கொழும்பில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்தார்கள் என்று எங்களுக்குச் சொன்னவரே நீங்கள்தான். பக்கத்து மாமாவின் மூன்று பூட்டுக்கும் அப்படி ஒரு கதை இருக்கிறது. 1960களில் இங்கே தென்னிந்தியர்களுக்கு எதிராக எழுதிவந்த ஒரு மராத்தி வார இதழ், தொலைபேசிப் புத்தகத்திலிருந்து தென்னிந்தியப் பெயர்களைப் பொறுக்கி அச்சிட்டதாம். புத்தகத்தில் பெயர் போட்டவர்கள் யாரும் அதற்காகப் போடவில்லையே என்றார் மாமா. அதை அவர் சொன்ன பிறகு அரிசி டின்னைப் பற்றி நான் பகிடி செய்வதில்லை.

இந்தியாவில் தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24இல் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து தீர்ப்புச் சொன்னார்கள். நம் நாட்டிலும் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கு 2022இன் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. கலியாணத் தரகர் இரண்டையும் வாசித்திருக்க மாட்டார். ஆகவே நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். போட்டவற்றை நீக்கச் சொல்லிப் பெரியப்பாவிடம் அப்பா மெதுவாகச் சொல்லுங்கள், நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம், கோபித்துக்கொள்வார். இனிமேல் கிரகநிலை மட்டும் போதும். பொருத்தம் சரியென்றால் படத்தை நேரில் காட்டலாம். எல்லாவற்றுக்கும் முன்னால் அக்காவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். குழுவில் தன் படத்தைப் பார்த்துத்தான் தனக்கு மாப்பிள்ளை பார்ப்பதே தெரிந்தது என்று எனக்கு எழுதியிருக்கிறாள்.

பின்வளவுக் காணி உறுதிப் பத்திரத்தையும் படம் எடுத்துச் சித்தப்பாவுக்கு அனுப்பப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அனுப்ப வேண்டாம். அவர் மார்கழியில் வரும்போது நேரில் பார்க்கட்டும். எல்லைக் கல் பிரச்சினையை அதுவரை யாரும் கிளற வேண்டாம், வேலியையும் தொட வேண்டாம். அப்பாவின் கண் சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்ததும் எழுதுங்கள். மோட்டருக்குப் புதுச் சுருள் கட்டுவதா, புது மோட்டரே வாங்குவதா என்று கேட்டிருந்தீர்கள். சுருள் கட்டினால் போதும். மிச்சக் காசைக் கண்ணுக்கு வைத்திருங்கள்.

கொக்குவில் மாமா அடுத்த மாதம் இந்தப் பக்கம் வருகிறார் என்றால் மிளகாய்த்தூள் கொடுத்துவிடுங்கள், இரண்டு பைக்குள் இறுக்கிக் கட்டி. புழுக்கொடியலும் கொஞ்சம். பக்கத்து வீட்டு மாமா மாமிக்குப் பனங்கட்டிக் குட்டான் இரண்டு. ஒடியல் மா வேண்டாம், மீன் இல்லாமல் இங்கே நான் யாரோடு கூழ் காய்ச்சுவது?

உங்கள் அன்பு மகன்