செயலாளர் ஆண்டறிக்கை: நம் பிள்ளைகளின் மாலை விளையாட்டு

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, கோயில் அறங்காவலர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிக்கிறார். தமிழ் வகுப்பு, நூலகம், தைப்பூச அன்னதானம் ஆகியவை வழக்கம்போல் நடந்தன. விவரம் அந்தந்தத் துணைக்குழுவின் அறிக்கையில் உள்ளது. இந்த அறிக்கையின் பெரும்பகுதியைச் சென்ற பொதுக்குழுவில் எழுந்த ஒரே கேள்விக்கு ஒதுக்குகிறேன். யாங்கோனில் வளரும் நம் பிள்ளைகள் முன்போல வெளியில் விளையாடுகிறார்களா?

ஆட்டத்துக்கு ஆட்டம் பதில் மாறுகிறது. தெருக் கால்பந்து இருக்கிறது. கோலி இருக்கிறது. பர்மியரின் சின்லோன் நன்றாகவே இருக்கிறது. ஆறு பேர், 22 அடி விட்டமுள்ள வட்டம், பிரம்புப் பந்து ஒன்று போதும், எதிரணி வேண்டாம். 2013-இல் நேபிடோவில் நடந்த தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டியில் அது சேர்க்கப்பட்டதும் பையன்களுக்குத் தெரியும். மறைந்து வருபவை கிளித்தட்டு, பம்பரம், கிட்டிப்புள், ஏழாங்கல், பச்சைக்குதிரை. இவற்றுக்குப் பொதுவான இரண்டு தேவைகள் உண்டு. ஒன்று, அகலமான இடம். மற்றது, விதி தெரிந்த பெரிய பிள்ளை. இரண்டில் ஒன்று போனாலும் ஆட்டம் நின்றுவிடும்.

இடத்தின் நிலைமையை முதலில் சொல்கிறேன். நகர நடுவில் எண்களால் அழைக்கப்படும் தெருக்கள் 1850-களில் வகுத்த அளவில் குறுகலானவை. 2003-இல் மோட்டார் சைக்கிளுக்குத் தடை வந்ததால் நம் தெருக்கள் மாண்டலே தெருக்களைவிடப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பாகவே இருந்தன. 2011-க்குப் பிறகு கார் இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்தது. இப்போது தெருவின் இரு ஓரமும் கார் நிற்கிறது. ஓடுகிற வண்டியாவது போய்விடும்; நிற்கிற கார் மாலை முழுக்க இடத்தை அடைத்துக்கொள்கிறது. பந்து கண்ணாடியில் பட்டால் பெரியவர்களுக்குள் சண்டை. அதனால் பந்தாட்டம் சந்துக்குள் ஒதுங்கியது, கிளித்தட்டு முற்றாக நின்றது.

பெரிய பிள்ளை போன கதை வேறு. எட்டாம், ஒன்பதாம் வகுப்பு வந்தவுடன் டியூஷன் பிடித்துக்கொள்கிறது. பெண் பிள்ளைகள் அதற்கும் முன்பே, பன்னிரண்டு வயதை ஒட்டி, வீட்டு வேலைக்கும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதற்கும் போய்விடுகிறார்கள். இதற்கு மேல் 2020 மார்ச்சுக்குப் பின் பள்ளிகள் நெடுநாள் மூடிக் கிடந்தன, ஊரடங்கும் வந்தது. எட்டு வயதில் அண்ணன் அக்காவிடம் ஆட்டம் கற்க வேண்டிய பிள்ளைகள் அந்த ஆண்டுகளில் வீட்டுக்குள் இருந்தார்கள். அவர்களே இன்று சொல்லிக்கொடுக்க வேண்டிய வயதில் இருக்கிறார்கள். கைபேசியைக் குற்றம் சொல்வது எளிது. அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் கரண்ட் போன மாலையில் தெருவைப் பாருங்கள். பத்து நிமிடத்தில் பிள்ளைகள் இறங்கி வந்துவிடுகிறார்கள். வந்தபின் என்ன ஆடுவது என்று தெரியாமல் நிற்கிறார்கள். ஆசை குறையவில்லை, ஆட்டம் கைமாறவில்லை என்பதே குழுவின் கணிப்பு.

எனவே கோயிலின் திறந்த வெளியில் மாலை ஆட்டம் தொடங்கப்பட்டது. அதை வேறு ஊர்ச் சங்கங்களும் எடுத்துச் செய்யக்கூடும் என்பதால் நடைமுறையை விரிவாகப் பதிவு செய்கிறேன்.

முதல் ஆட்டமாகக் கிளித்தட்டைத் தேர்ந்தெடுத்தோம். பர்மியப் பிள்ளைகள் ஆடும் தோக்-சீ-தோவும் கோடு காத்து மறிக்கிற ஆட்டமே என்பதால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் அரை மணி நேரத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். களம் நீளம் 40 அடி, அகலம் 20 அடி. குறுக்கே 10 அடிக்கு ஒரு கோடாக ஐந்து கோடுகள், நெடுக்கே இரு விளிம்பும் நடுக்கோடும். ஆக எட்டுக் கட்டம். அணிக்கு ஐந்து பேர். மறிக்கும் அணியின் தலைவரான கிளி முதற்கோட்டில் நிற்கும். நடுக்கோடு நெடுக ஓடவும் கிளிக்கு மட்டுமே உரிமை. மற்ற நால்வரும் தத்தம் குறுக்குக் கோட்டைவிட்டு நகரக்கூடாது. ஓடுகிறவர் மறுமுனை தொடும் வரை காய், தொட்டுத் திரும்பினால் பழம். காயும் பழமும் ஒரே கட்டத்தில் சேர்ந்தால் ஆட்டம் எதிரணிக்கு. பெரியவர்களுக்குரிய அகலத்தில் களம் போட்டால் சிறுவர்கள் கோட்டைக் காக்க முடியாது. ஓடுகிறவர்கள் எப்போதும் தப்பிவிடுவார்கள், கால் மணி நேரத்தில் சலித்துவிடும். பத்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் மட்டும் ஆடினால் அகலத்தை 16 அடியாகக் குறைக்கலாம்.

கோடு போடச் சுண்ணாம்பு வேண்டாம். நீறாத சுண்ணாம்பு ஈரத்தில் சுட்டுவிடும். நீற்றியதும் கண்ணில் பட்டால் புண்ணாக்கும். கோலமாவே போதும். மேற்சொன்ன களத்தில் கோட்டின் மொத்த நீளம் 220 அடி. நான்கு கிலோ மாவு தாராளமாகக் காணும். கயிறு கட்டிக் கோடாக்கினால் கால் தடுக்கும், செங்கல் பதித்தால் முட்டி கிழியும். மே நடுவில் தொடங்கி அக்டோபர் வரை மழை. ஆண்டுக்கு ஏறத்தாழ 2,700 மில்லிமீட்டர் பெய்கிற ஊரில் மாவுக்கோடு ஒரு மாலை தாங்காது. அப்போது இரண்டு அங்குல ஆழத்துக்குக் கோடு கீறி ஆற்றுமணலை நிரப்பினால் மழை ஓய்ந்ததும் கோடு தெளிவாகத் தெரிகிறது.

தரையைப் பொறுத்தவரை வாட்டம்தான் முக்கியம். 40 அடி நீளத்துக்கு ஒரு முனை ஐந்து அங்குலம் தாழ்ந்திருந்தால் நீர் தானாக வடியும். வெறும் களிமண் தரை வழுக்கும். மேலே மணல் கலந்த செம்மண் ஓர் அங்குலம் பரப்பி உருட்டி இறுக்க வேண்டும். கோயிலின் சிமெண்ட் முற்றத்தில் ஜூலைக்குள் பாசி பிடித்துவிடுகிறது. பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, கால் மணி நேரம் விட்டு, தென்னந்துடைப்பத்தால் தேய்த்து நிறைய நீர் விட்டுக் கழுவ வேண்டும். கழிப்பறை கழுவும் ஆசிட்டை அதோடு எக்காரணம் கொண்டும் கலக்காதீர்கள். கிளம்பும் நச்சுப்புகை நுரையீரலைப் பாதிக்கும்.

பம்பரம் செய்ய முற்றிய கொய்யாக்கட்டை நல்லது. நிழலில் இரண்டு மாதம் காயாத கட்டையில் ஆணி அடித்தால், காயும்போது துளையிலிருந்து வெடிப்பு ஓடும். ஆணியின் பருமனில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு முதலில் துளையிட்டு, தலை வெட்டிய ஆணியை முக்கால் அங்குலம் இறக்க வேண்டும். சுற்றிவிட்டதும் பம்பரம் தலையாட்டினால் ஆணி நடுவில் இல்லை என்று பொருள். நிமிர்த்தி அடிப்பதைவிடப் பிடுங்கிப் புதிதாகத் துளையிடுவதே மேல். சரியான பம்பரம் நின்ற இடத்தில் உறங்கும். சாட்டைக்கு முறுக்கிய பருத்திக் கயிறு நான்கரை அடி, நுனியில் முடிச்சு. நைலான் கயிறு வழுகி, பம்பரம் பக்கவாட்டில் பறக்கும். வேடிக்கை பார்க்கிற சிறுவனின் காலில்தான் விழும். வட்டத்திலிருந்து ஆறடி தள்ளியே பார்வையாளர் நிற்க வேண்டும். கிட்டிப்புள்ளுக்கு இது இன்னும் கண்டிப்பான விதி: தாண்டு ஒன்றரை அடி, புள் மூன்று அங்குலம், அடிக்கும் திசையில் யாரும் முப்பதடிக்குள் குனியக்கூடாது. கண்ணுக்கு ஆபத்தான ஆட்டம் என்று சில தாய்மார்கள் தயங்குவது நியாயமே. பத்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை இதில் சேர்ப்பதில்லை.

ஏழாங்கல்லுக்கு உடைந்த ஓட்டுச்சில்லுகளை விளிம்பு தேய்த்துத் தருகிறோம், பந்து பழந்துணி சுற்றித் தைத்தது. பாண்டிக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு சில்லும் ஒரு கரிக்கட்டியும் கிடைத்தால் பெண் பிள்ளைகளே போட்டுக்கொள்கிறார்கள்.

பழைய டயர் உருட்ட வருவோர் ஒன்றைக் கவனியுங்கள். டயருக்குள் தேங்கும் ஒரு கை நீரில் டெங்கு கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக எட்டு பத்து நாள் போதும். ஆகவே வாரத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்க்கிறோம், ஒவ்வொரு டயரிலும் அடிப்பக்கம் மூன்று துளை போட்டிருக்கிறோம். அந்தக் கொசு அதிகம் கடிப்பது காலையிலும் பொழுது சாய்வதற்கு முந்திய இரண்டு மணி நேரத்திலும். அது நம் ஆட்ட நேரம். மழைக்காலத்தில் முழுக்கைச் சட்டை போட்டு அனுப்புங்கள். நாய் கடித்தாலோ கீறினாலோ சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஊசிக்குக் கொண்டுபோக வேண்டும். மஞ்சளோ மிளகாயோ அப்பக்கூடாது.

நேரம் ஆண்டு முழுக்க ஒன்றாக இருக்க முடியாது. டிசம்பரில் ஐந்தரைக்கே பொழுது அடைகிறது, ஜூனில் ஆறு நாற்பது ஆகிறது. ஏப்ரல் கோடையில் ஐந்து மணிக்கு முன் யாரையும் விடுவதில்லை. 2024 ஏப்ரல் 28-இல் நடு மியன்மாரின் சௌக் ஊரில் 48.2 டிகிரி செல்சியஸ் பதிவானது. யாங்கோன் அவ்வளவு போகாவிட்டாலும் சிமெண்ட் தரை வெறுங்காலைச் சுடும். பானை நீரும் உப்புச் சேர்த்த எலுமிச்சைச் சாறும் களத்தின் ஓரத்தில் இருக்கின்றன.

மேற்பார்வைக்கு ஒரு பெரியவர் போதும். அவர் நடுவர் அல்லர். சண்டை வந்தால் ஐந்து நிமிடம் பொறுத்திருப்பதே அவருக்குச் சொல்லியிருக்கும் வேலை. பெரும்பாலும் அதற்குள் பிள்ளைகளே தீர்த்துக்கொள்கிறார்கள். அவுட்டா இல்லையா என்று வாதாடி முடிவுக்கு வருவதும் ஆட்டத்தில் ஒரு பாதி. பெரியவர் தீர்ப்புச் சொன்னால் தோற்ற பக்கம் வீட்டுக்குப் போய்விடும், ஆட்டை கலைந்துவிடும். வயதுவாரியாகப் பிரிக்கவும் கூடாது. ஆறு வயதுக் குட்டி, பதின்மூன்று வயது அக்காவின் பின்னால் ஓடித்தான் விதி கற்கிறது. சிறியவர்களை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்ளும் பழைய வழக்கத்தைப் பிள்ளைகளுக்கு நினைவூட்டியிருக்கிறோம்.

இங்கே ஒரு கருத்து வேறுபாட்டையும் பதிவு செய்ய வேண்டும். பொங்கல் விளையாட்டு விழாவைப் பெரிதாக்கி, கோப்பை வைத்துக் கிளித்தட்டுப் போட்டி நடத்தலாம் என்று சில உறுப்பினர்கள் விரும்புகிறார்கள். விழா வேண்டும், ஆனால் அது மாலை ஆட்டத்துக்கு ஈடாகாது. போட்டியில் பத்துப் பேர் ஆட, நூறு பேர் வரிசையில் நின்று பார்க்கிறார்கள். முதல் சுற்றில் தோற்ற பிள்ளைக்கு அன்றைய ஆட்டம் அவ்வளவுதான். செலவு செய்ய ஒரே தொகைதான் இருக்குமென்றால், அதைக் கோப்பைக்கு அல்ல, தரைக்கும் பம்பரத்துக்கும் செலவிட வேண்டும் என்பது செயலாளர் என்ற முறையில் என் உறுதியான கருத்து.

படிப்பு கெடும் என்று தயங்கும் பெற்றோருக்கு ஒரு செய்தி. சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாளில் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விட்டு மூன்று ஆண்டு பார்த்தார்கள். 2015-இல் முடிவு வெளிவந்தது. அப்படி விடாத பள்ளிகளில் 39.5 சதவீதப் பிள்ளைகளுக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது, விட்ட பள்ளிகளில் 30.4 சதவீதம். பகல் வெளிச்சமே காரணம் என்று கருதுகிறார்கள்; வெயிலில் வெளிச்சம் வகுப்பறையைப்போல் பல பத்து மடங்கு. 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரி 60 நிமிடம் உடல் உழைப்பு வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. டியூஷன் ஆறு மணிக்குத் தொடங்கினால் நாலரை முதல் ஐந்தரை வரை பிள்ளையை நமக்குத் தாருங்கள்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு மூன்று தீர்மானங்களை முன்வைக்கிறேன். கோயிலின் திறந்த வெளியில் மாலை நான்கு முதல் ஆறரை வரை கார் நிறுத்துவதை நிறுத்த அறங்காவலர்களைக் கேட்டுக்கொள்வது. மழைக்கு முன், மே முதல் வாரத்துக்குள், செம்மண் நிரப்பி வாட்டம் சரிசெய்வது. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பெண் பிள்ளைகளுக்கு வாரத்தில் இரு மாலையாவது வீட்டு வேலையிலிருந்து விடுதலை தருமாறு உறுப்பினர் குடும்பங்களிடம் மகளிர் அணி நேரில் பேசுவது. மேற்பார்வைக்கு முன்வரும் பெரியவர்கள் கூட்டம் முடிந்ததும் துணைச்செயலாளரிடம் பெயர் கொடுக்கவும்; ஞாயிற்றுக்கிழமைக்கும் புதன்கிழமைக்கும் இன்னும் ஆள் தேவை.

இங்ஙனம்,
செயலாளர்