கேழ்வரகில் ஆய்வு செய்ய நினைக்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

நீ அனுப்பிய பட்டியல் வந்து சேர்ந்தது. முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர நினைக்கும் நிறுவனங்களைத் தரவரிசைப்படி அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் எதிரே விண்ணப்பக் கட்டணத்தையும் எழுதியிருக்கிறாய். கீழே ஒரே கேள்வி: "இதில் எது முதலில் அக்கா?" தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் எம்.எஸ்சி. கடைசிப் பருவத்தில் இருக்கும் பலரும் இதையேதான் கேட்கிறார்கள். அதனால் உனக்கான பதிலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். உன் பெயரை விட்டுவிட்டேன். உன் கேழ்வரகை விட முடியவில்லை.

தரவரிசை என்பது ஒரு வளாகம் முழுவதற்கும் போட்ட கூட்டல் கணக்கு. ஆசிரியர்கள் எத்தனை பேர், கட்டுரைகள் எத்தனை, நிதி எவ்வளவு என்று எல்லாத் துறைகளையும் சேர்த்துக் கூட்டியது. நீ ஐந்தாறு ஆண்டு உட்காரப்போவதோ அந்த வளாகத்தின் ஏதோ ஒரு மாடியில், ஏழெட்டுப் பேர் வேலை செய்யும் ஓர் ஆய்வகத்தில். அங்கே பொழுது எப்படிப் போகிறது, சோதனை சொதப்பினால் பக்கத்தில் நின்று சொல்லித்தர யார் இருக்கிறார்கள் என்பதற்கெல்லாம் எந்த வரிசையிலும் எண் கிடையாது. பட்டியலை மூடிவிட்டு உன் எம்.எஸ்சி. ஆய்வேட்டை எடு.

பாலக்கோட்டுக்குப் பக்கத்தில், உங்கள் வயலிலேயே குலைநோய் கண்ட இலையைப் பறித்துப் பூஞ்சையைப் பிரித்தெடுத்திருக்கிறாய். கண் வடிவப் புள்ளி, நடுவில் சாம்பல் நிறம், சுற்றிலும் பழுப்பு. அதே பூஞ்சை கதிரின் கழுத்தில் இறங்கினால் கழுத்து கறுத்து, மணி பிடிக்காமல் கதிர் பதராகிவிடும். இது உனக்குப் புத்தகம் படித்துத் தெரிந்ததில்லை. ஆனால் இந்த ஒரே நோயை நான்கு ஆய்வகங்கள் நான்கு விதமாகக் கேட்கும். நெல்லையும் கேழ்வரகையும் தாக்குவது ஒரே பூஞ்சை இனம்தான். அப்படியிருக்க ஒரு வகை நெல்லையும் இன்னொரு வகை கேழ்வரகையும் தேடிப்போவது ஏன் என்று பூஞ்சையின் மரபணுவில் தேடுபவர் ஒருவர். பூஞ்சை நுழைந்ததைச் செடி எப்படி உணர்கிறது என்று பார்ப்பவர் இன்னொருவர். எதிர்ப்புள்ள ரகத்தை ஒட்டுச் சேர்த்து உருவாக்குபவர் மூன்றாமவர். வேளாண் பல்கலைக்கழகங்களும் ஐதராபாத்தை ஒட்டிய பட்டன்செருவில் உள்ள பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனமான இக்ரிசாட்டும் செய்வது இந்த வகை வேலை. நம் காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்திலேயே பையூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, போய்ப் பார்த்தாயா? நான்காமவர் மழை, பனி, விதைப்புக் காலம் ஆகியவற்றோடு நோய் பரவுவதைக் கணக்குப் போடுபவர். இந்த நால்வரில் யாருடைய கேள்வி உனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறதோ அவர் இருக்கும் இடம்தான் உன் பட்டியலின் உச்சியில் வர வேண்டும்.

இன்னொன்றையும் யோசி. நெல்லின் மரபணுத் தொகுதி வரைவு 2002-இல் வந்துவிட்டது. கேழ்வரகுக்கு 2017-இல்தான் வந்தது. பெங்களூரு வேளாண் அறிவியல் பல்கலைக்கழகக் குழு வெளியிட்டது. அதுவும் இரண்டு மூதாதைகளின் தொகுதி ஒன்றாகச் சேர்ந்த, 36 குரோமோசோம் கொண்ட பயிர். நெல்லில் ஒரு மரபணுவை முடக்கிப் பார்ப்பதற்கான வழிமுறைகள் பலரும் பழகித் தேய்ந்தவை. கேழ்வரகில் அந்த வழியை நீயே வெட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கும். முதல் இரண்டு ஆண்டு கருவி செய்வதிலேயே போகலாம். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. ஆனால் தெரிந்து போக வேண்டும்.

இப்போது யாரும் சொல்லாத விஷயத்துக்கு வருகிறேன். உயிர் அறிவியலில் உன் நேர அட்டவணையைப் போடுவது ஆய்வை வழிநடத்தும் நெறியாளர் என்று நினைக்காதே. நீ எடுத்துக்கொள்ளும் உயிரிதான் போடும். ஈகோலை பாக்டீரியா நல்ல சூழலில் 20 நிமிடத்தில் இரண்டாகும். ஈஸ்டுக்கு ஒன்றரை மணி நேரம். காலையில் போட்ட சோதனைக்கு மறுநாளே பதில் வரும், தோற்றாலும் அந்த வாரமே மீண்டும் போடலாம். பழ ஈக்கு ஒரு தலைமுறை பத்து நாள். ஆய்வகங்களில் வளர்க்கும் கடுகுக் குடும்பத்துச் சிறு செடியான அராபிடாப்சிஸ் விதையிலிருந்து விதைக்கு ஏறத்தாழ ஆறிலிருந்து எட்டு வாரம். கேழ்வரகுக்கு மூன்றரை, நான்கு மாதம். வயல் சோதனை என்றால் அந்தப் பருவம் பொய்த்தால் அடுத்த பருவம்வரை காத்திருக்க வேண்டும். யானையில் ஆய்வு செய்கிறேன் என்று கிளம்பினால் அதன் கர்ப்பகாலமே ஏறத்தாழ 22 மாதம். ஓசூர்க் காட்டோரம் கேழ்வரகு கதிர் பிடிக்கும் நேரத்தில் இறங்கும் யானைகளைத் தொடர்கிறவர்களுக்கு அறுவடைக் காலத்தில் இரவும் பகலும் ஒன்றுதான்.

நான் பழ ஈயோடு பழகியவள். பெண் ஈ கூட்டிலிருந்து வெளிவந்து எட்டு மணி நேரத்துக்குள் அதை ஆண்களிடமிருந்து பிரித்துவிட வேண்டும். தாமதித்தால் இணைசேர்ந்துவிடும், கலப்புச் சோதனை கெட்டுவிடும். அதுவும் 25 டிகிரியில்தான் எட்டு மணி நேரம். இரவு அறைக்குப் போய்த் தூங்க வேண்டுமென்றால் குப்பிகளை 18 டிகிரிப் பெட்டிக்கு மாற்றிவிட்டுப் போவோம், குளிரில் அவை வளர்வது மெதுவாகும். பொங்கலுக்கு ஊருக்கு வர நினைத்தால் முதல் கேள்வி பஸ் டிக்கெட் கிடைக்குமா என்பதில்லை, குப்பிகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பது. இதில் எனக்குச் சலிப்பு வரவில்லை. வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், நல்ல மூளைக்காரர்கள், தினமும் கண்ணாடிக் குப்பியைத் திறந்து மூடும் வேலை பிடிக்காமல் போனவர்கள். உனக்கு எது பொருந்தும் என்பதை வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. இந்திய அறிவியல் கழகம் ஆண்டுதோறும் பொதுமக்களுக்காக ஒருநாள் கதவைத் திறந்துவைக்கும். போ, நன்றாக இருக்கும், ஆனால் அந்தத் திருவிழாக் கூட்டத்தில் ஆய்வகம் தெரியாது. முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை போய் ஓரமாக நின்று பார். தருமபுரியிலிருந்து பெங்களூருக்கு நாள் முழுக்க பஸ் இருக்கிறது. அறிவியல் அகாடமிகள் நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் இரண்டு மாதம் உள்ளேயே இருக்கலாம்.

நெறியாளரை விசாரிக்கும் விதத்தைச் சொல்கிறேன். நம் பக்கம் பெண் கொடுப்பதற்கு முன் நாலு இடத்தில் விசாரிப்பார்களே, அந்த அளவுக்காவது விசாரி. 'சோத்கங்கா' இணையதளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. நெறியாளர் பெயரைப் போட்டுத் தேடு. அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேட்டில் பதிவு செய்த ஆண்டையும் சமர்ப்பித்த ஆண்டையும் பார்த்துக் கழித்துப் பார். நன்றியுரையைப் படி. அம்மா, அப்பா, கடவுள் எல்லோருக்கும் இருப்பார்கள். ஆய்வகத் தோழர்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றனவா, அவர்களுக்குள் ஏதாவது கேலி தெரிகிறதா என்று பார். பிறகு அந்த ஆய்வகத்தின் கட்டுரைகளில் முதல் பெயராக வருபவர் யார் என்று பார். மாணவர்கள் மாறி மாறி வந்தால் நல்லது. ஒரே ஆள் எல்லாவற்றிலும் இருந்தால் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று கேள். இப்போது இருக்கும் மாணவரிடம் பேசுவது ஒரு பங்கு என்றால், பாதியில் விட்டுப்போனவரிடம் பேசுவது மூன்று பங்கு. 2022 பல்கலைக்கழக மானியக்குழு விதிப்படி ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும் மேல் எடுக்கக் கூடாது. இடம் காலியா என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

தேர்வுகளைப் பற்றி நீ என்னைவிட நன்றாக விசாரித்திருக்கிறாய், சுருக்கமாகச் சொல்கிறேன். ஆய்வு உதவித்தொகைக்கான தேசியத் தகுதித் தேர்வான சி.எஸ்.ஐ.ஆர். நெட் ஆண்டுக்கு இருமுறை. உயிர் அறிவியலில் 200 மதிப்பெண். அதில் பாதி மூன்றாம் பகுதியில் இருக்கிறது. 75 கேள்வியில் 25-ஐ மட்டும் எழுதினால் போதும், ஒவ்வொன்றும் நான்கு மதிப்பெண். மனப்பாடம் அங்கே செல்லாது. வரைபடத்தைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டும். எதை விடுவது என்று தெரிந்தவர்கள் தேறுகிறார்கள். பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையமான என்.சி.பி.எஸ். போன்ற இடங்களுக்கு டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமான டி.ஐ.எஃப்.ஆர். தனியாக நுழைவுத் தேர்வு நடத்துகிறது. கேட் தேர்வையும் பல இடங்கள் ஏற்கின்றன. 'முதலில் எம்.ஃபில். முடிக்கட்டும்' என்று உன் சித்தப்பா சொல்வதை இனிக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். 2022 விதிகளோடு அந்தப் படிப்பு முடிந்துபோயிற்று.

வெளிநாடு பற்றிக் கேட்டிருந்தாய். அமெரிக்காவில் பெரும்பாலும் துறையில் சேர்த்துக்கொள்வார்கள். முதல் ஆண்டில் இரண்டு மூன்று ஆய்வகங்களில் சில வாரங்கள் இருந்து பார்த்த பிறகு ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். உள்ளே போய்ப் பார்க்க வாய்ப்பில்லாத ஊர்க்காரர்களுக்கு இதைவிட நல்ல முறை இல்லை, என்.சி.பி.எஸ்.சிலும் இப்படி ஒரு சுற்று உண்டு. உயிரியல் துறைகளில் பல, ஜி.ஆர்.இ. என்ற தேர்வின் மதிப்பெண்ணைக் கேட்பதை நிறுத்திவிட்டன. விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேட்கலாம், கேட்டால் பல இடங்களில் செய்கிறார்கள். ஜெர்மனியில் முனைவர் மாணவரைப் பெரும்பாலும் சம்பள ஒப்பந்தத்தில் எடுக்கிறார்கள், மூன்று நான்கு ஆண்டு, குறிப்பிட்ட திட்டத்துக்கு. அங்கே ஆய்வகத்தை மாற்றிப் பார்க்கும் வசதி குறைவு. அதனால் உனக்கு இப்போதைக்கு அமெரிக்க முறை பொருந்தும் என்பது என் அபிப்பிராயம்.

அப்பாவிடம் பேச வேண்டிய கணக்கு இது. நெட் தேர்வு வழியாக வரும் இளநிலை ஆய்வு உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் 2023 ஜனவரி முதல் நடப்பில் இருக்கும் தொகை மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பிறகு 42,000. விடுதி இல்லாவிட்டால் வீட்டு வாடகைப் படி தனி. ஆனால் அது மாதம் பிறந்ததும் வரும் சம்பளம் போல வராது. சில மாதம் சேர்த்து வரும். மூன்று மாதச் செலவுக்குப் பணம் வைத்துக்கொண்டுதான் சேர வேண்டும். உதவித்தொகை இல்லாமல் பல்கலைக்கழகத்தில் பதிவு மட்டும் செய்துகொண்டு சேர்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்; ஓர் ஆண்டு திட்ட உதவியாளராக வேலை பார்த்துவிட்டு மீண்டும் தேர்வு எழுது. கல்யாணப் பேச்சு எழுந்தால், முனைவர் பட்டத்தை முடிக்க வழக்கமான ஆறு ஆண்டு வரம்புக்கு மேல் பெண்களுக்கு இரண்டு ஆண்டு சலுகையும், 240 நாள்வரை மகப்பேறு விடுப்பும் அந்த 2022 மானியக்குழு விதிகளில் இருக்கின்றன என்று சொல். அதனால் பேச்சு நின்றுவிடாது. குறைந்தது, படிப்பு பாழாகிவிடும் என்ற ஒரு வாதமாவது அடிபடும்.

இனி நீ செய்ய வேண்டியது மின்னஞ்சல். 'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் புகழ்பெற்ற ஆய்வகத்தில்' என்று தொடங்கும் கடிதத்தை யாரும் இரண்டாவது வரிவரை படிப்பதில்லை. அவருடைய ஒரு கட்டுரையை முழுதாகப் படி. அதில் உனக்குப் புரியாத ஒரு படத்தைப் பற்றி ஒரு கேள்வி எழுது. அடுத்த பத்தியில் உன் வயல், உன் பூஞ்சை, நீ பிரித்தெடுத்த முறை, எங்கே மாசு புகுந்தது, எப்படிச் சரிசெய்தாய் என்று ஐந்தாறு வரி. மதிப்பெண் பட்டியல் இணைப்பில் இருக்கட்டும். நால்வருக்கு நான்கு தனிக் கடிதம். ஒன்றை நகலெடுத்துப் பெயர் மாற்றி அனுப்பாதே, ஒரே துறையில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வார்கள். பத்து நாளில் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டு, அதற்கு மேல் வேண்டாம்.

முதல் கடிதத்தை அனுப்புவதற்கு முன் எனக்கு அனுப்பு. ஆங்கிலத்தை நீயே பார்த்துக்கொள்வாய். அந்தக் கேள்வி கட்டுரையைப் படித்தவள் கேட்கும் கேள்விதானா என்று மட்டும் நான் பார்க்கிறேன்.

அன்புடன்,
அக்கா