ஈரச் சுவரின் மேல் பூசிவிட்டு ஏழு வருட உத்தரவாதமா?

20 ஜனவரி 2025

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். கொட்டிவாக்கத்தில், கடற்கரையிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் எங்கள் வீட்டின் உட்சுவர்களுக்கு 2024 ஆகஸ்டில் உங்கள் ஆட்கள் வந்து ஓதம் (சுவரில் ஊறும் ஈரம்) தடுக்கும் பூச்சு அடித்துவிட்டுப் போனார்கள். 420 சதுர அடி, சதுர அடிக்கு 140 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து 69,384 ரூபாய். வேலை முடிந்த அன்றே முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டோம். ஏழு வருட உத்தரவாதச் சான்றிதழ் ஒன்றை லேமினேட் செய்து தந்தீர்கள். இந்த வீட்டில் இன்றைக்கு ஈரம் படாமல் இருப்பது அது ஒன்றுதான்.

பூச்சு உப்பி உரிகிறது என்று மூன்று முறை போன் செய்து, இரண்டு முறை மெயில் போட்ட பிறகு டிசம்பரில் உங்களிடமிருந்து வந்த பதில் இரண்டே வரி. ஃபெஞ்சல் புயலால் ஏற்பட்ட சேதம் இயற்கைச் சீற்றத்தில் அடங்கும், உத்தரவாதத்தில் வராது என்று. சரி, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். புயல் கரையைக் கடந்தது நவம்பர் 30. ஹால் சுவரில் முதல் கொப்புளத்தை நான் பார்த்தது தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை, நவம்பர் 3. அன்றைக்கே படம் எடுத்து உங்கள் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பினேன், நீல டிக்கும் வந்தது. புயலன்று தண்ணீர் எங்கள் வாசல்படியோடு நின்றுவிட்டது, உள்ளே ஒரு சொட்டு வரவில்லை. அப்படியே புயல்தான் காரணம் என்று வைத்துக்கொண்டாலும், சென்னையில் வருடத்து மழையில் பாதிக்கு மேல் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில்தான் பெய்கிறது. அந்த மூன்று மாதத்தைத் தாங்காத பூச்சை இந்த ஊரில் எதற்கு விற்கிறீர்கள்?

இப்போது சுவரின் நிலைமையைச் சொல்கிறேன். ஹாலில் தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை பூச்சு தோசை மாதிரி உப்பி நிற்கிறது. விரலால் அழுத்தினால் உள்ளே தண்ணீர் நகர்வது தெரிகிறது. ஒரு கொப்புளத்தை உடைத்துப் பார்த்தேன், பின்னால் பட்டி முழுக்கக் களியாகி, அதற்குப் பின்னால் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது. பின் படுக்கையறையில் கதை வேறு. அங்கே கீழே ஒன்றும் இல்லை, ஆள் உயரத்துக்கு மேல்தான் கறுப்புப் பூசணம், அதுவும் பீரோவுக்குப் பின்னால். அம்மாவின் மூன்று பட்டுப் புடவைகளில் பூசண வாடை, துவைத்தும் போகவில்லை. அப்பா அம்மா கல்யாணப் போட்டோ கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அதற்கு நான் உங்களிடம் விலை கேட்கவில்லை, சொல்லி வைக்கிறேன், அவ்வளவுதான்.

உங்கள் மேற்பார்வையாளர் தம்பி முதல் நாள் வந்தபோது நான் கூடவே நின்றேன். ஈரம் அளக்கும் மாய்ஸ்சர் மீட்டரை ஹால் சுவரில் வைத்தார், சிவப்பு விளக்கு எரிந்து கீச் கீச்சென்று கத்தியது. "அதெல்லாம் நம்ம கோட்டிங் பார்த்துக்கும் சார்" என்றார். இரண்டு நாள் கழித்து சுரண்டல், பட்டி, பிரைமர், இரண்டு கோட்டு, நான்கே நாளில் வேலை முடிந்தது. அவர்கள் விட்டுப்போன இருபது லிட்டர் வாளியில் இப்போது மொட்டைமாடிச் செடிகளுக்குத் தண்ணீர் பிடிக்கிறோம். அந்த வாளியின் மேலேயே உங்கள் நிறுவனம் அச்சடித்திருக்கிறது, நன்றாக உலர்ந்த சுவரில் மட்டுமே பூச வேண்டும் என்று. படம் இணைத்திருக்கிறேன், படித்துப் பாருங்கள்.

அந்தத் தம்பி ஒரு முறைகூட வீட்டைச் சுற்றி வெளியே போய்ப் பார்க்கவில்லை. என் புகாரே அதுதான். ஐந்து நிமிடம் சந்துப் பக்கம் நடந்திருந்தால் விஷயம் தெரிந்திருக்கும். 1994இல் அப்பா இந்த வீட்டைக் கட்டும்போது தெருவிலிருந்து ஏற நான்கு படி இருந்தது, இன்றைக்கு ஒரு படிதான். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது, சென்னையில் பல தெருக்களுக்கும் இதே கதைதான். தெரு உயர உயர நாங்களும் சந்தில் மண் நிரப்பி சிமென்ட் போட்டோம், அந்தத் தப்பு எங்களுடையது, ஒப்புக்கொள்கிறேன். அடித்தளத்துக்கு மேல் ஈரம் ஏறாமல் இருக்கப் போட்ட டி.பி.சி. பட்டை இப்போது வெளித்தரைக்குக் கீழே போய்விட்டது. மண்ணிலிருக்கும் ஈரம் அந்தப் பட்டையைத் தாண்டி நேராகச் செங்கலுக்குள் போகிறது, விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி மேலே ஏறுகிறது. எங்கள் பக்கத்து நிலத்தடி நீர் உப்பு நீர். ஈரம் காற்றில் போனாலும் உப்பு சுவரிலேயே தங்கிவிடும்.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு இன்ஜினியர் தேவைப்படவில்லை. அறுபது தாண்டிய ஒரு கொத்தனார் வந்து கரணைக் காம்பால் இரண்டு தட்டு தட்டிவிட்டு, "கீழேருந்து ஏறுது தம்பி, மேலே மூடி என்ன பிரயோஜனம்" என்றார். அப்புறம் நானே ஒரு சோதனை செய்தேன். இரண்டு அறைகளிலும் பூச்சு உரிந்த இடத்தில் ஒரு பாலித்தீன் துண்டை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி இரண்டு நாள் விட்டுவைத்தேன். ஹாலில் பாலித்தீனுக்கும் சுவருக்கும் நடுவில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தது. அறைக் காற்றிலிருந்து படியும் ஈரமாக இருந்திருந்தால் தாளின் வெளிப்பக்கம் நனைந்திருக்க வேண்டும், அது காய்ந்தே இருந்தது.

படுக்கையறையிலும் பாலித்தீனின் உள்பக்கம்தான் நனைந்தது, ஆனால் அங்கே தண்ணீர் வரும் வழி வேறு. அது மேற்குப் பார்த்த சுவர், வெளிப்பூச்சில் மயிரிழை விரிசல்கள் இருக்கின்றன. மழையைக் குடித்த சுவரில் மறுநாள் வெயில் அடித்தால் அந்த ஈரம் உள்பக்கமாகத் தள்ளப்படும். உள்ளே ராத்திரி முழுக்க ஏசி 22இல் ஓடுவதால் உட்பக்கச் சுவர் குளிர்ந்திருக்கும். அந்த ஈரம் அறைக்குள் வந்திருந்தால் ஏசி அதை இழுத்துக் குழாய் வழியாக வெளியே சொட்ட விட்டிருக்கும். வரவிடாமல் நீங்கள் உள்பக்கத்தில் ரப்பர் மாதிரி ஒரு தோலைப் போட்டு மூடிவிட்டீர்கள், ஈரம் அதன் பின்னால் மாட்டிக்கொண்டது. உள்பக்கத்தை அடைப்பது பனி பெய்யும் நாட்டுக்குச் சரியாக இருக்கலாம், அங்கே ஈரம் வீட்டுக்குள்ளிருந்து வெளியே போகிறது. இங்கே அது வெளியிலிருந்து உள்ளே வருகிறது, அடைக்க வேண்டியது வெளிப்பக்கம். ஆக, இரண்டு சுவருக்கு இரண்டு வேறு நோய், நீங்கள் கொடுத்தது ஒரே மருந்து. அதுவும் தப்பான பக்கத்தில்.

ஜன்னலைத் திறந்து வையுங்கள், காற்றோட்டம் இல்லாததுதான் பிரச்சினை என்று உங்கள் கால் சென்டரில் ஒரு பெண் சொன்னார். பாவம், எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறார். அடைமழையில் வெளிக்காற்றே ஊறிப்போய் இருக்கும்போது ஜன்னலைத் திறந்தால் என்ன உலரும்? மழைக்காலத்தில் அடுக்களை உப்பு ஜாடி தானாகவே நீர்த்துப்போவதை அவரும் பார்த்திருப்பார். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். என் ஹால் சுவரின் காரை இப்போது அந்த ஜாடி மாதிரிதான். கீழிருந்து வரும் ஈரத்தை நாளைக்கே நிறுத்தினாலும், உப்பு ஊறிய காரையைக் கொத்தி எடுக்காவிட்டால் அது காற்றைக் குடித்து மறுபடி நனையும். அதனால்தான் "இன்னொரு கோட்டு இலவசமாக அடித்துத் தருகிறோம்" என்று உங்கள் கிளை அலுவலகம் போனில் சொன்னதை நான் ஏற்கவில்லை.

தாத்தா வீட்டில் சுண்ணாம்புச் சுவர், பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளை அடிப்பார்கள். அதுவும் ஈரம் குடிக்கும், ஆனால் வெயில் வந்ததும் விட்டுவிடும், சுண்ணாம்பின் காரத்தில் பூசணமும் லேசில் பிடிக்காது. தொட்டால் சட்டையில் ஒட்டும், அது ஒன்றுதான் தொல்லை. உங்கள் விளம்பரத்தைப் பார்த்து 69 ஆயிரம் கொடுப்பதற்கு முன்னால் இதெல்லாம் எனக்கு ஞாபகம் வந்திருக்கலாம்.

எனக்கு வேண்டியது இதுதான். ஹாலில் உங்கள் பூச்சையும், ஈரம் ஏறிய உயரத்துக்கு மேல் ஓரடி வரை பழைய காரையையும் செங்கல் தெரியக் கொத்தி எடுங்கள். டி.பி.சி. மட்டத்தில் நாலைந்து அங்குலத்துக்கு ஒரு துளை போட்டு ஈரத்தடுப்பு மருந்தைச் செலுத்துங்கள், அதை நீங்களே செய்கிறீர்கள் என்று உங்கள் விலைப்பட்டியலில் இருக்கிறது, ஏன் அப்போதே சொல்லவில்லை என்பதுதான் புரியவில்லை. பிறகு சுவரை உலர விடுங்கள். ஒரு அங்குலத்துக்கு ஒரு மாதம் என்று கட்டடக்காரர்கள் கணக்குச் சொல்வார்கள், எங்களுடையது ஒன்பது அங்குலச் சுவர், காத்திருக்க நாங்கள் தயார். மேலே பூசுவது மூச்சு விடும் சுண்ணாம்புக் காரையாக இருக்கட்டும். படுக்கையறையில் உள்பூச்சை உரித்துவிட்டு வெளிப்பக்கத்து விரிசல்களை அடையுங்கள். சந்தில் ஏற்றிய மண்ணை வெட்டி இறக்குவது என் செலவு, அதற்கு ஆள் பேசிவிட்டேன்.

இதைச் செய்ய முடியாது என்றால் 69,384 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள், நான் வேறு ஆளை வைத்துக்கொள்கிறேன். பதினைந்து நாளில் எழுத்தில் பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் வரைக்கும் அங்கே கட்டணம் கிடையாது, மனு போட இரண்டு வருட அவகாசமும் இருக்கிறது, விசாரித்துவிட்டேன்.

பில், உத்தரவாதச் சான்றிதழ், நவம்பர் 3 படங்கள், வாளியின் படம், பாலித்தீன் சோதனைப் படங்கள் எல்லாம் இத்துடன் இருக்கின்றன. ஆள் அனுப்புவதாக இருந்தால் முதல் நாள் போன் செய்துவிட்டு அனுப்புங்கள், காலை பத்து மணிக்கு மேல். மீட்டர் கொண்டுவராவிட்டாலும் பரவாயில்லை, சந்துப் பக்கம் வந்து பார்க்கிற ஆளாக இருக்கட்டும். அங்கே சேறு, செருப்போடு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கொட்டிவாக்கம் வாடிக்கையாளர்