அந்த அரை இடத்தை விட்டு வை

அன்புள்ள கண்ணா,

நீ அனுப்பிய இரண்டையும் பார்த்துவிட்டேன். உன் தொடருக்காக நீ எடிட் செய்து கோத்து முடித்த மூன்று நிமிட நடனக் காட்சியையும், வெட்டாமல் எடுத்தபடியே கிடக்கிற ரஷ்ஷையும். "நல்லா இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லும்மா" என்று செய்தி போட்டிருந்தாய். நல்லா இருக்கு. ஆனால் அதோடு நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. போனில் பேசினால் நடுவில் உன்னை யாராவது கூப்பிட்டுவிடுவார்கள். அதனால் எழுதுகிறேன், நேரம் கிடைக்கும்போது படி.

பத்து வருஷமாகப் பேசாமல் இருந்த அக்காவும் தங்கையும். ஆளில்லாத பயிற்சிக் கூடத்தில் தங்கை தனியாக ஆடிக்கொண்டிருக்கிறாள். அக்கா கதவோரம் வந்து நிற்கிறாள், செருப்பைக் கழற்றுகிறாள், பின்னால் போய்ச் சேர்ந்துகொள்கிறாள். வசனம் ஒன்றுகூட இல்லை. தொலைக்காட்சித் தொடரில் இப்படி ஒரு காட்சி எழுத ஒருவருக்குத் துணிச்சல் வந்ததே எனக்குப் பெரிய சந்தோஷம்.

ரஷ்ஷில் அக்கா அரை இடம், அதாவது தாளத்தில் அரைத் தட்டு, தள்ளி வருகிறாள். தங்கையின் கால் தரையில் விழுந்த பிறகுதான் அவள் கால் விழுகிறது. கை விரிவதும் அப்படித்தான். முதல் இரண்டு ஆவர்த்தனம், தாளத்தின் இரண்டு முழுச் சுற்று, முழுக்க இந்த இடைவெளி இருக்கிறது, மூன்றாவதில் குறைகிறது, நான்காவதில் இரண்டு பேர் காலும் ஒரே சத்தமாக விழுகிறது. நீ கோத்ததில் முதல் தட்டிலிருந்தே ஒன்றாக ஆடுகிறார்கள். தட்டுக்குத் தட்டு ஒரு கட் வைத்து எல்லாவற்றையும் சேர்த்துவிட்டிருக்கிறாய். கை சுத்தமான வேலை, ஒரு இடத்தில்கூட ஒட்டுத் தெரியவில்லை. ஆனால் பத்து வருஷத்துக் கோபம் எங்கே போயிற்று? அது அந்த அரை இடத்தில்தானே இருந்தது!

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நீ பிறப்பதற்கு முன்னால் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக ஒரு பதம், அபிநயத்துக்கான காதல் பாட்டு, ஆடினேன். மூன்று காமிரா. வேறொருத்தி வீட்டிலிருந்து விடியற்காலையில் வந்து நிற்கிறவனை வாசலிலேயே நிறுத்தித் திட்டுகிற நாயகி. நானும் வாத்தியாரும் மூன்று மாதம் உழைத்து ஒரு சஞ்சாரி, பாட்டு வரியைக் கதையாக விரிக்கிற அபிநயம், சேர்த்திருந்தோம். அவள் கதவைச் சாத்திவிட்டு அதன் மேலேயே முதுகைச் சாய்த்து நிற்பாள். முகத்தில் கோபம், உதடு இறுகியிருக்கும். அந்த நேரத்தில் இடது கை மட்டும் மெல்லப் பின்னால் போய், தாழ்ப்பாளைத் தேடி, ஒரு விரலால் அதைத் தளர்த்திவிடும். கண்ணும் முகமும் ஒன்றைச் சொல்ல, கை அதற்கு நேர்மாறாக இன்னொன்றைச் செய்யும். அந்தப் பதத்தின் உயிரே அந்த ஒரு விரல்தான்.

ஒளிபரப்பில் அந்த இடத்துக்கு என் முகத்தின் க்ளோஸ்அப்பைப் போட்டிருந்தார்கள். கோபமான, அழகான முகம். கை அந்தச் சட்டத்திலேயே, ஃப்ரேமிலேயே, இல்லை. மறுநாள் வகுப்புக்குப் போனேன். வீட்டில் உட்கார்ந்து பார்த்திருந்த வாத்தியார் கேட்டார்: "ஏம்மா, தாழ்ப்பாளைத் திறக்க மறந்துட்டியா?" நான் மறக்கவில்லை. ஆனால் பார்த்தவர்கள் அத்தனை பேருக்கும் அந்தப் பெண் கதவைச் சாத்தியது சாத்தியதுதான். ஒரு ஷாட் அவள் மனசையே மாற்றிவிட்டது. அன்றைக்கு அழுதேன். யாரோ வேண்டுமென்று செய்ததில்லை. முகத்தில்தான் கதை இருக்கிறது என்று நினைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

கம்பன் மிதிலைத் தெருவில் ராமனும் லட்சுமணனும் நடந்து வரும்போது ஓர் ஆடல் அரங்கைக் காட்டுகிறான். "கைவழி நயனம் செல்ல, கண்வழி மனமும் செல்ல" ஆடுகிறார்களாம் பெண்கள். இதையே வடமொழி நடன நூலான அபிநய தர்ப்பணம் இன்னும் இரண்டு படி ஏற்றி, மனம் போகிற இடத்தில் பாவம் என்கிற உணர்ச்சி, அந்த உணர்ச்சி இருக்கிற இடத்தில் ரசம் என்கிற சுவை என்று முடிக்கும். சின்ன வயதில் இதை ஆடுகிறவளுக்குச் சொன்ன விதி என்று மட்டும்தான் படித்தேன். நீ இந்த வேலைக்குப் போன பிறகு, வெட்டுகிறவனுக்கும் சேர்த்துச் சொன்னதாகவே தோன்றுகிறது. கையை விட்டுவிட்டுக் கண்ணை மட்டும் காட்டினால் வழி அறுந்துபோகிறது. பார்க்கிறவர் மனசு எதைப் பிடித்துக்கொண்டு போகும்?

அதற்காக வெட்டவே கூடாது என்று சொல்ல வரவில்லை. 1968இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தை நாம் சேர்ந்து எத்தனை தடவை பார்த்திருப்போம்! சபையில் பத்மினி ஆட, யாருக்கும் தெரியாமல் சிவாஜி மறைந்து நின்று பார்க்கிற பாட்டு. வெளியே பார்த்தால் சாமியைக் கூப்பிடுகிற பாட்டு. ஆனால் ஒவ்வொரு பேராகச் சொல்லிக்கொண்டே வந்து 'சண்முகா' என்று நிற்கும்போது அது முருகன் பேரா, ஒளிந்திருக்கிற சண்முகசுந்தரத்தின் பேரா? ஊருக்கு ஒரு அர்த்தம், அவனுக்கு ஒரு அர்த்தம். அங்கே கட் அவனிடம் போகும்போது நமக்கு இடறவே இல்லை. அவள் மனசு முன்னாலேயே அங்கே போயிருக்கிறது, காமிரா அதன் பின்னால் போகிறது. கட் என்றால் அப்படிப் போக வேண்டும்.

ஆட்டத்தை எடுத்துவிட்டால் கதை அப்படியே நின்றுவிட வேண்டும் என்பதுதான் எப்போதும் என் கணக்கு. 1948இல் வாசன் எடுத்த 'சந்திரலேகா'வின் முரசு நடனத்தை எல்லாரும் பிரம்மாண்டம் என்றே பேசுகிறார்கள். எனக்கு அந்தப் பிரம்மாண்டம் இரண்டாம் பட்சம். கல்யாணத்துக்குச் சம்மதிக்கிறேன், அதற்கு முன் முரசு நடனம் நடக்க வேண்டும் என்று நாயகி சந்திரலேகா வில்லனிடம் சொல்வதே ஒரு சூழ்ச்சி. ஆட்டம் முடிந்ததும் முரசுகளுக்குள் ஒளிந்திருந்த வீரர்கள் வெளியே பாய்கிறார்கள். நாம் ரசித்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் கதை நம் கண்ணெதிரே, அந்தத் தோலுக்கு அடியில் உட்கார்ந்திருந்தது! அதே 1948இல்தான் நடனக் கலைஞர் உதயசங்கரின் 'கல்பனா'வும் வந்தது. அதையும் அதே ஜெமினி ஸ்டூடியோவில்தான் எடுத்தார்கள். கடல் கடந்து பிரிட்டனில் பாலே படமான 'தி ரெட் ஷூஸ்' வந்ததும் அந்த வருஷம்தான். ஆட்டத்துக்கு நல்ல வருஷம் அது.

அவ்வளவு பெரிதாகவும் வேண்டியதில்லை. 'ஆர்ஆர்ஆர்' படத்தில் அந்த 'நாட்டு' பாட்டை ஊரே ஆடிக் காலை உடைத்துக்கொண்டது. வேகத்தைப் பற்றித்தான் பேச்சு. எனக்குப் பிடித்தது கடைசியில் வருகிற சின்ன இடம். எல்லாரும் களைத்து விழுந்த பிறகு ராம், பீம் என்ற இரண்டு நண்பர்கள் மட்டும் மிச்சம். பீமுக்குப் பிடித்த பெண் யாருடைய பேரைக் கத்துகிறாள் என்று ராம் பார்க்கிறான். பார்த்துவிட்டு, கால் பிசகினவன் மாதிரி வேண்டுமென்றே விழுகிறான். பீம் ஜெயிக்கிறான். அந்த விழுதலுக்கு முன்னால் வருகிற பார்வையை யாராவது வேகம் குறைகிறது என்று எடுத்திருந்தால், அது வெறும் போட்டிப் பாட்டாகப் போயிருக்கும். நட்பு என்ற சேதி அந்த ஒரு பார்வையில்தான் இருக்கிறது.

'சலங்கை ஒலி'யில் கிணற்றுச் சுவர் மேல் கமல் ஆடுவதைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. குடிபோதையில் தள்ளாடுகிற உடம்பு, தவறாத தாளம். மழை வேறு. எனக்கு அதில் ஆட்டத்தை விட, ஆட்டம் நின்ற பிறகு வருவதுதான் பெரிது. ஜெயப்பிரதாவின் நெற்றிக் குங்குமம் மழையில் கரைந்துவிடக்கூடாது என்று அவர் உள்ளங்கையைக் குடையாகப் பிடிப்பார். அதில் தாளமும் இல்லை, முத்திரையும் இல்லை. ஆனால் அதுவரை ஆடிய கைதான் அது, அதனால்தான் அந்தக் கனம். கைவழி நயனம். எனக்கு அதைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைக்கும்.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "அம்மா, இப்போ எல்லாரும் போனில் பார்க்கிறாங்க, முழு உருவத்தைக் காட்டினால் ஆள் கட்டைவிரல் அளவுதான் தெரியும்." நியாயம்தான். பழைய ஹாலிவுட் நடன நடிகர் பிரெட் அஸ்டயர் தலையிலிருந்து கால் வரை சட்டத்துக்குள் இருக்க வேண்டும், அடிக்கடி வெட்டக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தார் என்றால், அவர் ஆடியது பெரிய திரைக்கு. உனக்கு அந்த வசதி இல்லை. அப்படியானால் இடுப்புக்கு மேல் வை. அதில் கையும் கண்ணும் சேர்ந்தே இருக்கும். கால் போய்விடுமே என்றால், காலைக் காதுக்குக் கொடு. சலங்கைச் சத்தத்தை எப்படியும் தனியாகத்தானே சேர்க்கிறீர்கள்? உன் காட்சியில் அக்காவின் சலங்கையும் தங்கையின் சலங்கையும் ஒரே மாதிரி ஒலிக்கிறது. இரண்டையும் வேறு வேறு ஒலியாகப் பிரித்துவிட்டால், கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறவருக்கும் அந்த அரை இடம் கேட்கும்.

இன்னொன்று, இது உன் காமிராக்காரருக்கு. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடின அரங்குக்கு அளவே கொடுத்திருக்கிறார் இளங்கோ. ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். தூணின் நிழல் ஆட்டத்தின் மேல் விழாதபடி விளக்கு வைத்தார்கள் என்பது வரைக்கும் எழுதியிருக்கிறார். அப்படிப்பட்ட மேடையில் பார்க்கிறவர் பக்கம் வர வர நமக்குப் பலம். முன்னால் வந்து நின்றால் அகலம் முழுக்க நம்முடையது. காமிராவின் அரங்கு தலைகீழ். லென்ஸுக்குப் பக்கத்தில் குறுகலாகத் தொடங்கி, பின்னால் போகப் போக விரிகிற முக்கோணம் அது. மேடையில் பழகினவர்கள் இது தெரியாமல் முன்னால் வந்து, விரித்த கையைச் சட்டத்துக்கு வெளியே தொலைத்துவிடுவார்கள். நானும் தொலைத்திருக்கிறேன். உன் தொடரில் தங்கை முன்னால், அக்கா பின்னால் என்று நிறுத்தியது அதனால்தான் நல்ல யோசனை. பின்னால் இருக்கிறவளுக்குத்தான் கை விரிக்க இடம் அதிகம்.

வெட்டே கதை சொல்கிற இடமும் உண்டு, அதையும் ஒத்துக்கொள்கிறேன். பாப் ஃபாஸி எடுத்து 1972இல் வந்த 'காபரே'யில் மேடையில் ஆளுக்கு ஆள் தொடையிலும் கன்னத்திலும் தட்டிக்கொண்டு வேடிக்கையாக ஒரு ஆட்டம் நடக்கும். வெளியே அந்த விடுதி நடத்துகிறவரை நாஜிகள் அடித்துப் போடுவார்கள். ஒரு தட்டு உள்ளே, ஒரு அடி வெளியே. இரண்டையும் கோத்தபோது அந்த வேடிக்கையே பயங்கரமாகிவிட்டது. ஃபாஸி நடன இயக்குநரும்கூட, எந்தத் தட்டில் கத்தி வைக்கலாம் என்று உடம்பாலேயே தெரிந்தவர். அந்த வருஷமே அந்தப் படத்தின் நாயகி லைசா மின்னெல்லியை வைத்துத் தொலைக்காட்சிக்கு ஒரு நிகழ்ச்சி எடுத்தார். மேடையில் லைசா பாடி ஆடியதை எட்டுக் காமிராவில் பதிந்தார்கள். எட்டு இருந்தும் கையும் இடுப்பும் தொலையவில்லை. உனக்கு எங்கேயாவது கிடைத்தால் சத்தத்தை அணைத்துவிட்டு ஒரு தடவை பார்.

செருப்பைக் கழற்றிவிட்டு அக்கா நடந்து வருகிறாளே, அந்த நடை எந்த அடியில் அடவாக, ஆட்டத்தின் அசைவாக, மாறுகிறது? ரஷ்ஷில் அது ஐந்தாவது அடியில் நடக்கிறது. நாலு அடி சாதாரணமாக வைத்து, ஐந்தாவதில் முழங்கால் தானாக மடிகிறது. நீ மூன்றாவது அடியிலேயே வெட்டி, முழங்கால் மடித்த அரைமண்டி நிலையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டாய். 1961இல் வந்த 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யின் தொடக்கத்தில் தெருவில் நடக்கிற பையன்களின் நடை கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு ஆட்டமாக மாறும். எங்கே மாறியது என்று கையைக் காட்டிச் சொல்ல முடியாது. அந்த மாறுகிற இடத்தை நாம் பார்த்துவிட்டால், பிறகு அவர்கள் எவ்வளவு ஆடினாலும் "ஏன் இவங்க திடீர்னு ஆடுறாங்க" என்று யாரும் கேட்பதில்லை. அந்த இரண்டு அடியைத் திருப்பிக் கொடுத்துவிடு.

நேற்று ராத்திரி தூக்கம் வரவில்லை. எழுந்து நின்று அக்காவின் பங்கை நானே ஆடிப் பார்த்தேன். முழங்கால் முன்போல் மடியவில்லை, பரவாயில்லை. அரை இடம் தள்ளி ஆடுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் புரிந்தது. தாளம் தெரிந்த உடம்பு தானாகத் தட்டில் போய் விழுந்துவிடும், பிடித்து இழுத்து நிறுத்த வேண்டியிருக்கிறது. அந்தப் பெண் எப்படிச் செய்தாள் என்று திரும்பவும் ரஷ்ஷைப் போட்டுப் பார்த்தேன். நாலாவது தடவைதான் கண்ணில் பட்டது. முதல் இரண்டு ஆவர்த்தனமும் அவள் பார்வை தங்கையின் குதிகாலிலேயே இருக்கிறது. அவளுக்கு அந்த நடன உருப்படி மறந்துபோயிருக்கிறது கண்ணா. தங்கை காலைப் பார்த்துப் பார்த்து ஆடுகிறாள். முன்னே அவள்தான் தங்கைக்குச் சொல்லிக் கொடுத்தவள் என்று மூன்றாவது பகுதியில் நீங்களே காட்டியிருக்கிறீர்கள் இல்லையா?

நான்காவது ஆவர்த்தனம் தொடங்கும்போது, இரண்டு நிமிடம் நாற்பது விநாடி வாக்கில், அவள் குதிகாலை விட்டுவிட்டுத் தலையை நிமிர்த்துகிறாள். இனிமேல் பார்க்க வேண்டியதில்லை, எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. நீ அந்த இடத்தில் தங்கையின் புன்னகையை வைத்திருக்கிறாய். அதை எடுத்துவிட்டு, இரண்டு பேரும் தெரிகிற அந்த ஷாட்டை அப்படியே ஓட விடு. மூன்று விநாடிகூட வராது.

மற்றதெல்லாம் உன் இஷ்டம். மாற்றிக் கோத்ததும் எனக்கு அனுப்பு, எவ்வளவு நேரமானாலும் முழித்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா